சோதனைக்காகப் பிறந்த டீசல் லோகோக்கள்: நான் பார்த்ததும் கேட்டதும்

பிரிட்டிஷ் ரயில்வேயில் சோதனைக்கென்று கட்டிய பெரிய டீசல் லோகோக்களில் (ரயிலை இழுக்கும் வண்டிகளில்) அநேகமானவை பழைய இரும்பாகப் போய்விட்டன. இங்கே நான் சொல்லப்போகிறவற்றில் முழு உருவத்தோடு மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. மற்றவற்றை அவற்றின் வாரிசுகளிடம்தான் தேட வேண்டும். நான் அப்படித் தேடிப் போனவன்.

முதலில் அந்த ஒன்று. ஷில்டன் ஊரின் லோகோமோஷன் அருங்காட்சியகத்தில் டெல்டிக் நிற்கிறது. இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனம் 1955-ல் யாரும் ஆர்டர் கொடுக்காமலே, சொந்தச் செலவில் பிரஸ்டனில் கட்டியது. வெளிர் நீல உடம்பு, பக்கவாட்டில் பெரிய எழுத்தில் அதன் பெயர், மூக்கில் முறுக்கு மீசை போல வளைந்த வெளிர்மஞ்சள் பட்டைகள். மூக்கின் நடுவில் ஒரு பெரிய விளக்குக்கூடு இருக்கிறது. அன்றைய பிரிட்டனில் அவ்வளவு பெரிய விளக்கு யாருக்கும் தேவைப்படவில்லை. வெளிநாட்டு ஆர்டர் வரும் என்ற நம்பிக்கையில் வைத்தது அது.

பக்கத்தில் நின்று பார்த்தால், இதற்குள் 3300 குதிரைத்திறன் இருந்தது என்று நம்பவே முடியாது. இதே நிறுவனத்தின் எஞ்சினோடு 1947-ல் வந்த 10000 என்ற லோகோவின் எடை ஏறக்குறைய 128 டன், சக்தி 1600 குதிரைத்திறன். டெல்டிக்கின் எடை 106 டன்தான். எட்டே வருடத்தில் சக்தி இரண்டு மடங்கு, எடையோ 20 டன்னுக்கு மேல் குறைவு!

இது எப்படி நடந்தது என்று எனக்குப் புரிந்தது யார்க் தேசிய ரயில் அருங்காட்சியகத்தில். இந்த லோகோவுக்குள் இருந்த வகை எஞ்சின், நேப்பியர் நிறுவனத்தின் டெல்டிக் எஞ்சின் ஒன்றைக் குறுக்கே வெட்டித் திறந்து வைத்திருக்கிறார்கள். தலைகீழ் முக்கோணம், மூன்று முனையிலும் ஒவ்வொரு கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டனின் முன்பின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு). மூன்று பக்கங்களிலும் பக்கத்துக்கு ஆறாக 18 சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராக வந்து முட்டப்போவது போல நெருங்கி, பிரிகின்றன. சிலிண்டர் ஹெட் கிடையாது, வால்வு கிடையாது. பிஸ்டன் நகரும்போது திறக்கும் துளைகள் வழியாகவே காற்று உள்ளே வந்து புகை வெளியே போகிறது. இதில் புகைத் துளையைத் திறக்கும் பிஸ்டன் கொஞ்சம் முந்திப் போக வேண்டும். மூன்று மூலையிலும் ஒரே சமயத்தில் அதைச் சாதிப்பது பெரிய சிக்கலாக இருந்தது. ஒரு கிராங்க் ஷாஃப்ட்டை மட்டும் எதிர்த்திசையில் சுற்றவிட்டால் போதும் என்று வழி சொன்னவர் அட்மிரால்டி என்ற பிரிட்டிஷ் கடற்படைத் துறையின் வரைவாளர் ஒருவர். வெட்டிய எஞ்சின் முன்னால் நின்று அந்த ஒரு ஷாஃப்ட்டின் ஓட்டத்தை மனசுக்குள் மறுபடி மறுபடி சுற்றிப் பார்த்தேன். கடற்படையின் வேகப் படகுகளுக்காகப் பிறந்த எஞ்சின் அது. லோகோவில் இரண்டைப் பொருத்தினார்கள்.

1956-ல் செட்டில் – கார்லைல் மலைப்பாதையில் இழுவிசையை அளக்கும் பெட்டி ஒன்றைக் கோர்த்து டெல்டிக்கைச் சோதித்தார்கள். ஆனால் பிரிட்டிஷ் ரயில்வேயின் லண்டன் மிட்லண்ட் பிரிவு தன் முக்கியப் பாதையை மின்மயமாக்கும் திட்டத்தில் இருந்ததால் வாங்கவில்லை. அப்புறம் கிழக்குப் பிரிவில் ஜெரார்ட் ஃபைன்ஸ் என்ற அதிகாரி பிடிவாதமாக நின்று 22 லோகோக்களை வாங்க வைத்தார். அவை 55 நீராவி லோகோக்களின் வேலையைச் செய்தன. முன்னோடி மட்டும் 1961-ல் எஞ்சின் பழுதாகி ஓய்ந்தது.

சரி, அந்த 10000-க்கு வருவோம். 1948 ஜனவரி 1-ல் ரயில்வே தேசியமயமாவதற்குச் சில வாரம் முன்பு, எல்.எம்.எஸ். என்ற தனியார் ரயில் நிறுவனம் டெர்பி பணிமனையிலிருந்து அவசரமாக வெளியே கொண்டுவந்தது. வடிவமைப்பின் பொறுப்பு அந்த நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் ஐவட்டுடையது. தனியாக இழுக்க சக்தி போதாதபோது ஜோடியான 10001-ஐயும் சேர்த்துக் கோர்த்து லண்டன் – கிளாஸ்கோ விரைவு ரயிலான ராயல் ஸ்காட்டை இழுத்தார்கள். இரண்டையும் 1968-ல் உடைத்துவிட்டார்கள். ஒன்றையாவது வைத்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஒரு சங்கம் அதை மறுபடி உருவாக்க முயல்வது பெரிய ஆறுதல்.

அந்த எஞ்சின் குடும்பத்தின் குரலை நான் கேட்டது கிரேட்டர் மான்செஸ்டரில், பெரி ஊரின் போல்டன் ஸ்ட்ரீட் நிலையத்தில். பாரம்பரிய ரயிலை இழுக்க கிளாஸ் 40 என்ற வகை லோகோ ஒன்று வந்து நின்றது. நின்றபடியே, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ மெல்லிய விசில் அடித்துக்கொண்டிருந்தது. கிளம்பியதும் அதற்கு அடியிலிருந்து கனமான உறுமல் எழுந்தது. பிளாட்பாரத்தில் என் பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற ஓட்டுநர் மூக்கிலிருந்த கதவைக் காட்டினார். இரண்டு லோகோ சேர்ந்து போகும்போது ஆட்கள் ஒன்றிலிருந்து மற்றதுக்கு நடந்து போவதற்கான வழி அது. 10000-த்திலேயே இருந்த ஏற்பாடுதான். குளிர்காலத்தில் அந்த இடுக்கில் வரும் காற்று முழங்காலை விறைக்க வைத்துவிடும் என்றார். காகிதத்தைச் சுருட்டி அடைப்பார்களாம். 10203 என்ற இன்னொரு சோதனை லோகோவின் 2000 குதிரைத்திறன் எஞ்சின்தான் கிளாஸ் 40-க்கு வழி வகுத்தது. இந்த வகையில் 200 கட்டினார்கள்.

வாரிசே இல்லாமல் போனது ஃபெல் லோகோ, எண் 10100. நான் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன், ஆனாலும் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். மற்ற லோகோக்களில் எஞ்சின் ஜெனரேட்டரைச் சுற்றும், அந்த மின்சாரத்தில் மோட்டார்கள் சக்கரத்தை ஓட்டும். அந்த ஜெனரேட்டரும் மோட்டாரும் வேண்டாம், பல்சக்கரத்திலேயே சக்தியைக் கொண்டுபோவோம் என்று லெஃப்டினன்ட் கர்னல் ஃபெல் நினைத்தார். தலா 500 குதிரைத்திறனில் நாலு பாக்ஸ்மன் எஞ்சின்கள், அவற்றுக்குக் காற்றை ஊட்ட மேலும் இரண்டு சிறிய எஞ்சின்கள். வேகம் கூடக் கூட ஒவ்வொரு எஞ்சினாக டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு வழியே சேர்ந்துகொள்ளும். கொள்கை அளவில் அழகு. ஆறு எஞ்சினையும் தினமும் பராமரிக்கும் ஷெட் ஆட்களை நினைத்தால்தான் மலைப்பாக இருக்கிறது. 1960-ல் டெர்பியிலேயே உடைத்தார்கள்.

கிடர்மின்ஸ்டரில் செவர்ன் வேலி பாரம்பரிய ரயில் பாதையின் கிளாஸ் 50 லோகோ ஒன்றைப் பார்த்தபோது எனக்கு அதன் முன்னோடியான டிபி2 ஞாபகம் வந்தது. டெல்டிக்கின் கூட்டுக்குள் 2700 குதிரைத்திறன் ஒற்றை எஞ்சினை வைத்து 1962-ல் ஓடவிட்ட லோகோ. நன்றாகவே ஓடியது. 1967 ஜூலை 31 அன்று தெர்ஸ்க் அருகே, தடம் புரண்டு கிடந்த சிமென்ட் வேகன்களில் மோதியது. ஏழு பேர் இறந்தார்கள். அதற்குமேல் லோகோ ஓடவில்லை. அதன் எஞ்சின் மட்டும் கிளாஸ் 50-களுக்கு உதிரியாகப் போனது.

நான் எங்கேயும் தடம் பிடிக்க முடியாதது கெஸ்ட்ரல் என்ற லோகோ. லஃப்பரோவில் பிரஷ் கட்டியது, 4000 குதிரைத்திறன் சுல்சர் எஞ்சின், மஞ்சளும் பழுப்பும் பூசிய உடம்பு. 1968-ல் 2000 டன்னுக்கு மேற்பட்ட நிலக்கரி ரயிலை இழுத்துக் காட்டியது. ஆனால் 133 டன் எடையில் ஒவ்வொரு அச்சிலும் விழுந்த பாரம் தண்டவாளத்துக்கு அதிகமாக இருந்தது. பிறகு அடிச்சட்டத்தையும் சக்கரங்களையும் மாற்றி எடையைக் குறைத்து, கிங்ஸ் கிராஸ் – நியூகாசில் பாதையில் பயணிகள் ரயிலுக்கு விட்டார்கள். 1971-ல் சோவியத் யூனியனுக்கு விற்றுவிட்டார்கள். அதில் ஜெனரேட்டருக்குப் பதிலாக இருந்த ஆல்டர்னேட்டர் ஏற்பாடு பின்னாளில் கிளாஸ் 56 என்ற லோகோ வகையில் வந்தது.

1969, 70 வாக்கில் கிங்ஸ் கிராஸில் கெஸ்ட்ரலை நேரில் பார்த்தவர்கள் இங்கே யாராவது இருந்தால், அது கிளம்பும்போது எப்படி ஒலித்தது என்று எழுதுங்கள். எனக்கு அது மட்டும் தெரிய வேண்டும்.