9 வாட் யூவி, மணிக்கு 400 லிட்டர்: இந்தக் கணக்கு எங்கேர்ந்து வந்துது?

முட்டம் உப்புநீர்:
நேத்து வெள்ளைப்புள்ளி (மீன் ஒடம்புல வாற ஒட்டுண்ணி நோய்) இழையில, யூவி (தண்ணியில உள்ள கிருமியக் கொல்லுற புற ஊதா விளக்கு) பத்தி தக்கலை அண்ணாச்சி எழுதினத அப்படியே போடுகேன்: "400 லிட்டர் கடல்நீர்த் தொட்டிக்கு 9 வாட் யூவி தாராளம். மோட்டாரைக் கொறச்சு மணிக்கு 400 லிட்டர் ஓட விட்டா வெள்ளைப்புள்ளி எட்டியே பாக்காது." இதுக்குக் கீழ ஆளாளுக்கு நன்றி வேற. புதுசா தொட்டி வைக்கிற பிள்ளைய இத நம்பி மீன் வாங்கும், சாவக் குடுக்கும். அதான் தனி இழை.

மணிக்கு 400 ஓடினா ஒரு மணியில தொட்டித் தண்ணி பூராவும் யூவிக்குள்ள போயிட்டு வந்துரும்னு நெனைக்கீரு. போவாது வே. வெளிய வாற தண்ணி திரும்பத் தொட்டியிலதான விழுது? பழைய தண்ணியோட கலந்துதான மறுபடி உள்ள போவுது? ஒரு மணி கழிச்சும் 37 சதவீதம் தண்ணி விளக்கு வெளிச்சமே படாம கெடக்கும். ரெண்டு மணியில 13 சதவீதம், மூணு மணியில 5 சதவீதம். ஒட்டுண்ணி அதுவரைக்கும் உமக்காகக் காத்துக் கெடக்குமா?

தக்கலை கடல்தொட்டி:
முட்டம் தம்பி, என் பேரப் போட்டு இழை தொடங்குறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரி.

யூவி-சி, அதாவது கிருமி கொல்லுற புற ஊதாக் கதிர், ஒரு உயிரைக் கொல்லுறதுக்கு வேண்டியது அளவு. வெளிச்சத்தோட வலு ஒண்ணு, அதுக்கு முன்னால தண்ணி நிக்கிற நேரம் ஒண்ணு, ரெண்டையும் பெருக்கணும். பாக்டீரியாவுக்கும் மிதக்குற பாசிக்கும் சதுர சென்டிமீட்டருக்கு 30,000 முதல் 45,000 மைக்ரோவாட்-விநாடின்னு தயாரிப்பாளர்கள் அட்டவணையில போடுறாங்க. ஒரே செல் உள்ள ஒட்டுண்ணிக்கு 75,000, 90,000ன்னு ஏறுது. வேகத்த மூணு மடங்கு ஆக்கினா அளவு மூணுல ஒண்ணாயிரும். அப்போ ஒட்டுண்ணி குளிச்சிட்டுப் போற மாதிரி உள்ள போயி வெளிய வரும். அதனாலதான் 400. மெல்லப் போகணும்.

முட்டம் உப்புநீர்:
அளவு கொறையும்னு ஆரு இல்லங்கா? எத்தன சாவுதுங்கத கணக்குப் போட்டுப் பாரும். உம்ம 400ல ஒரு தடவ உள்ள போனா ஆயிரத்துக்கு 999 சாவுதுன்னே வச்சுக்கிடுவோம். வேகத்த 1200 ஆக்கினா அளவு மூணுல ஒண்ணு, நூத்துக்கு 90 சாவும். இப்போ மணிக் கணக்கு: 400ல சுத்தமாவுறது 400 லிட்டர். 1200ல சுத்தமாவுறது 1080 லிட்டருக்குச் சமம். ஒரு மணி கழிச்சு உம்ம தொட்டியில 37 சதவீதம் உயிரோட நிக்கும், எனக்க தொட்டியில 7 சதவீதம். பத்தாம் கிளாஸ் பிள்ளைட்ட குடுத்தாலும் போட்டுத் தரும்.

பாறசாலை டேங்க்:
அண்ணா, ஒரு சம்சயம். ரெண்டு பேரும் யூவி-ன்னு சொல்லுறது ஒரே வேலைக்கா? தண்ணி தெளியணும்னா ஒரு கணக்கு, ஒட்டுண்ணி கொல்லணும்னா வேற கணக்கு இல்லியா? "தாராளம்"ன்னா எதுக்கு தாராளம்? அத முதல்ல தீர்த்தா நல்லது.

தக்கலை கடல்தொட்டி:
உங்க 90 சதவீதக் கணக்குல ஓட்டை இருக்கு தம்பி. பாக்டீரியா மாதிரி சின்ன உயிருக்கு அந்தக் கணக்கு ஓடும். வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி கிரிப்டோகாரியான் மாதிரி பெரிய, ஒரே செல் உள்ள உயிருக்கு ஒரு எல்லை வரைக்கும் யூவி பட்டாலும் ஒண்ணும் ஆகாது. அந்த எல்லையத் தாண்டின பிறகுதான் சாவு தொடங்கும். 1200ல அந்த எல்லையத் தொடலன்னா நூத்துக்கு 90 எங்க சாகும்? ஒண்ணு ரெண்டு சாகும். இன்னொண்ணு, அரைகுறையா அடிபட்ட செல் தொட்டி லைட் வெளிச்சத்துல தன்னத்தானே சரி பண்ணிக்கும். பத்தாம் கிளாஸ் பிள்ளைக்கு இது தெரியாது. அதனால 400.

முட்டம் உப்புநீர்:
சரி, எல்லைன்னே வச்சுக்கிடுவோம். 9 வாட் விளக்குல 9 வாட்டும் யூவி-சியா வருமா? மூணுல ஒரு பங்குக்கு மேல வராது. 400ல ஓட்டினாலும் அந்தச் சின்ன விளக்குக் கூட்டுல எல்லையத் தொடும்னு எந்த நம்பிக்கையில சொன்னீரு? வேகத்தக் கொறைக்காதீரும், வாட்டக் கூட்டும். 400 லிட்டருக்கு 36 வாட் வையும், 1200 ஓடட்டும். உம்ம 400ல கெடைச்ச அளவு அப்படியே கிட்டத்தட்ட கெடைக்கும், சுத்தும் மூணு மடங்கு. நான் நேத்துலேர்ந்து சொல்லுகது இதத்தான்.

குளச்சல் அக்வா:
ரெண்டு பேருக்கும் 400ஐ விட்டா வேற நம்பரே தெரியாதா? வெள்ளைப்புள்ளி யூவியில போகும்னு நம்பி யாராவது மீன் வாங்கினா பாவம் உங்க ரெண்டு பேருக்கும்தான். மீன் உடம்புல ஒட்டியிருக்கிறது தோலுக்குள்ள இருக்கு, அங்க யூவி போகாது. அது உதிர்ந்து மணல்லயும் கல்லுலயும் கூடு கட்டிக்கும், அங்கயும் போகாது. கூட்ட விட்டு வெளிய வந்து நீந்துற ஒரு நாள், ஒன்றரை நாள் மட்டும்தான் தண்ணியில இருக்கு. அதுவும் பெரும்பாலும் இருட்டுல, விடியறதுக்கு முன்னாடி வெளிய வரும். அந்நேரம் மீன் கல்லுச் சந்துல அசையாமத் தூங்கும். பக்கத்துலயே விருந்து. சம்ப்புக்கு (கீழ இருக்குற வடிகட்டித் தொட்டிக்கு) இறங்கி யூவிக்குள்ள போக அதுக்கு என்ன அவசியம்?

யூவி வச்சா எண்ணிக்கை குறையும், அவ்வளவுதான். வந்த நோயத் தீர்க்கணும்னா மீனத் தனித் தொட்டிக்கு மாத்தி செம்பு மருந்து போடணும், பரிசோதனைக் கிட் வச்சு தினமும் அளக்கணும். பெரிய தொட்டிய மீன் இல்லாம 76 நாள் போடணும். மருந்துத் தொட்டியில யூவி இருந்தா அணைச்சிருங்க, வேற வேதிப்பொருளோட பிணைச்சிருக்கிற செம்பு மருந்த யூவி உடைச்சு விட்டுரும், அளவு எங்கயோ போயிரும்.

முட்டம் உப்புநீர்:
அக்கா சொன்னதுல ஒரு எழுத்து தப்பில்ல. விடியறதுக்கு முன்னாடி கொத்தா வெளிய வருதுன்னா அந்த ரெண்டு மூணு மணி நேரத்துல எவ்வளவு தண்ணி உள்ள போவுதுங்கதுதான முக்கியம்? அக்காளே எனக்குச் சாட்சி. 400 போதாது.

குளச்சல் அக்வா:
நான் உங்களுக்குச் சாட்சி சொல்ல வரல தம்பி. என் வாயில வார்த்தைய வைக்காதீங்க.

மார்த்தாண்டம் சோக்கு:
நம்பர் சண்டை இருக்கட்டும், உங்க தொட்டியில நிஜமா 400 ஓடுதான்னு யாராவது அளந்தியளா? மோட்டார் டப்பாவுல 1000னு போட்டிருக்கும். ஒன்றே கால் மீட்டர் ஏத்தி, ரெண்டு முட்டு வளைச்சு, யூவி கூட்டுக்குள்ள தள்ளினா அதுல பாதி வந்தா பெரிய காரியம். வெளிய வாற ஹோஸ 10 லிட்டர் பக்கெட்டுல விடுங்க, செல்போன்ல நேரம் பாருங்க. 90 விநாடியில நெறஞ்சா 400, 30 விநாடியில நெறஞ்சா 1200. கொறைக்கணும்னா வெளிய போற பக்கம் வால்வு வைங்க. மோட்டார் உறிஞ்சுற பக்கத்த நெரிச்சா காத்து இழுத்து மோட்டார்தான் போகும்.

இன்னும் கொஞ்சம். கூட்டைப் படுக்கப் போட்டா ரெண்டு வாயும் மேல பாத்து இருக்கணும், இல்லன்னா உள்ள காத்துப் பை கட்டும். நிறுத்தி வச்சா கீழ வாய்ல உள்ள போயி மேல வாய்ல வெளிய வரணும். விளக்கும் மோட்டாரும் ஒரே போர்டுல இருக்கணும். நம்ம ஊர்ல பலரும் மோட்டார இன்வெர்ட்டர்ல போட்டு யூவிய நேர் லைன்ல போடுறாவ, அது பரவால்ல. மாத்திப் போட்டாதான் வினை: தண்ணி நிக்கும், விளக்கு எரியும், கூடு சூடேறி ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இளகி உப்புத்தண்ணி சோக்குப் பெட்டிக்குள்ள இறங்கும். கரண்ட் கசிஞ்சா அணைக்கிற 30 மில்லியாம்ப் ட்ரிப்பர் இல்லாம கடல்நீர்த் தொட்டிக்குக் கரண்ட் குடுக்காதீங்க. வயர் பிளக்குக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தொங்கல் விடுங்க, வழியுற தண்ணி அங்கயே சொட்டிரும்.

தக்கலை கடல்தொட்டி:
அருமை மார்த்தாண்டம். இப்படி எழுதுறதுதான் உதவி. பேரச் சொல்லி இழை தொடங்குறது இல்ல.

செங்கோட்டை நீலத்தொட்டி:
டைனோ (டைனோஃபிளாஜெல்லேட்டுங்கிற நுண்ணுயிர்) பத்தி யாரும் பேசலயே. மணல் மேல பழுப்புச் சளி, நூல் நூலா, நுனியில குமிழி. ராத்திரி லைட் அணைச்சா காணாமப் போயி காலையில திரும்ப வரும். ராத்திரி அது தண்ணியில மிதக்குற வகைன்னா (ஆஸ்ட்ரியாப்சிஸ்) யூவி நல்லாக் கேக்கும். சம்ப்புல வைக்காம பெரிய தொட்டியிலேர்ந்து எடுத்துப் பெரிய தொட்டியிலயே விடணும், 11 லிட்டருக்கு ஒரு வாட், மணிக்கு ஒண்ணுலேர்ந்து மூணு சுத்து. மணலுக்குள்ளயே கெடக்குற ஆம்ஃபிடினியம்னா யூவி ஒண்ணும் செய்யாது. மைக்ராஸ்கோப்புல பாத்துட்டு யூவி வாங்குங்க. 11 லிட்டருக்கு ஒரு வாட்டுன்னா 400க்கு 36 வாட்டு வருது, முட்டம் சொன்னதும் அதான்.

முட்டம் உப்புநீர்:
கேட்டியளா! ஒண்ணுலேர்ந்து மூணு சுத்து! 1200!

தக்கலை கடல்தொட்டி:
ஒண்ணுன்னா 400தானே தம்பி? செங்கோட்டை எழுதினத முழுசாப் படிங்க.

முட்டம் உப்புநீர்:
36 வாட்டோட 400. உம்ம 9 வாட்டோட 400 இல்ல. தக்கலை அண்ணாச்சிக்கு வாட்டு வந்தா கண்ணு மறைக்கும், லிட்டர் வந்தா தெளியும். போன மழைக்கு தேங்காய்ப்பட்டணத்துல தண்ணி கோரச் சொன்னதும் இவருதான். குழித்துறை ஆறு கலங்கி வந்து விழுற இடத்துல கோரினா உப்பு எங்கேர்ந்து வரும்? ஒப்படர்த்தி 1.025 இருக்க வேண்டிய எடத்துல தண்ணி இளகித்தான் கெடக்கும். சேறு கலந்த தண்ணிக்குள்ள யூவி ரொம்ப தூரம் போவாது. தண்ணி மஞ்சளிச்சு இருந்தாலும் அதே கததான், முதல்ல கார்பன் போட்டுத் தெளிய வைக்கணும்.

தக்கலை கடல்தொட்டி:
ஆத்து வாயில கோரச் சொல்லவே இல்ல. துறைமுகத்துக்கு மேற்க, வெயில் காலத்துலன்னு எழுதினேன். அந்த இழை இன்னும் இருக்கு, யார் வேணும்னாலும் போயிப் பாக்கலாம். முட்டத்துல பாறைக்குக் கீழ கோருற தண்ணிதான் உலகத்துலயே சுத்தம்னு நெனைக்கிறவங்களுக்கு என்ன சொல்ல? ஆடி மாசம் அங்க அலை மணலக் கலக்கி எடுக்கும்.

பாறசாலை டேங்க்:
கடல்தண்ணி வேண்டாம் அண்ணா, உப்பு பாக்கெட் கலக்குங்க. ஆர்ஓ தண்ணியில. இந்தப் பிரச்சினையே இல்ல. நான் கேட்ட சம்சயத்துக்கு யாரும் பதில் சொல்லல.

முட்டம் உப்புநீர்:
உப்பு பாக்கெட்டு விக்கிறவரு பேசுதாரு. இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் விழிஞ்ஞத்துலயே கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்துல கடல்தண்ணியில கோமாளி மீன் குஞ்சு பொரிக்காவ, நமக்குப் பாக்கெட்டு வேணுமாம்.

பாறசாலை டேங்க்:
நான் விக்கிறது இல்ல. அவங்க மணல் வடிகட்டி வச்சு, கிருமி நீக்கித்தான் எடுக்குறாங்க. பக்கெட்டுல கோரி ஊத்துறது இல்ல.

குளச்சல் அக்வா:
செங்கோட்டை, நீங்க போட்ட தொட்டிப் படத்துல மூலையில கொம்புப் பவளம் தெரியுது. கடினப் பவளம் 2001லேர்ந்து வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணை. எடுங்க, படத்தையும் எடுங்க.

செங்கோட்டை நீலத்தொட்டி:
அது ரெசின் அக்கா. பொம்மை. பெரிசாக்கிப் பாருங்க.

மார்த்தாண்டம் சோக்கு:
விளக்கு விஷயம் ஒண்ணு விட்டுப்போச்சு. நீல வெளிச்சம் தெரியுதேன்னு ரெண்டு வருஷம் ஓட்டுறாவ. கண்ணுக்குத் தெரியுற நீலம் யூவி-சி இல்ல. 8000, 9000 மணி நேரம், அதாவது ஒரு வருஷம் போனா யூவி-சி இறங்கிரும், நீலம் அப்படியே நிக்கும். விளக்குல தேதிய எழுதி ஒட்டுங்க. விளக்கச் சுத்தி இருக்குற குவார்ட்ஸ் குழாய மூணு மாசத்துக்கு ஒருக்கா கழத்தி வினிகர்ல ஒரு மணி நேரம் ஊறப்போடுங்க, வெள்ளையா ஏடு கட்டியிருக்கும், துணியால துடைச்சா வரும். ஸ்க்ரப்பர் வேண்டாம், கீறும். புது விளக்க விரலால தொடாதீங்க, தொட்டா ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல துடைங்க. ஓ-ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ். எரியுற விளக்க வெறும் கண்ணால பாக்கவே கூடாது. குவார்ட்ஸ் இல்லாம சாதாக் கண்ணாடி போட்டு வாற மலிவு யூவி வாங்குனா 254 நானோமீட்டர் அந்தக் கண்ணாடியிலயே நின்னு போகும். வெறும் நீல பல்புதான் அது.

குளச்சல் அக்வா:
இதோட ஒண்ணு சேத்துக்கோங்க. பாக்டீரியா பாட்டில் ஊத்தினா ரெண்டு நாள் யூவிய அணைச்சு வைங்க. ஃபைட்டோ (மிதக்குற பாசித் தீனி) ஊத்தினா நாலு மணி நேரம். கல்லுல ஒட்டியிருக்குற பாக்டீரியா போயிரும்னு பயப்பட வேண்டாம், அது தண்ணியில மிதக்குறது இல்ல.

முட்டம் உப்புநீர்:
மார்த்தாண்டம் எழுதினதுல எனக்கு மறுப்பு இல்ல. ஆனா விளக்கு ஒரு வருஷத்துல இறங்குதுன்னா, 9 வாட்டுல பத்தாவது மாசம் என்ன மிச்சம் இருக்கும்? அப்பவும் 400 தாராளமா? தக்கலை அண்ணாச்சி இதுக்குப் பதில் சொல்லணும். நாலாவது தடவ கேக்கேன்.

தக்கலை கடல்தொட்டி:
பக்கெட்டுல அளந்தேன். 92 விநாடி. 400க்கு ஒரு நூல் கீழ. தண்ணி கண்ணாடி மாதிரி நிக்குது. இதுக்கு மேல எனக்குப் பதில் இல்ல.

முட்டம் உப்புநீர்:
பக்கெட்டு 10 லிட்டரா? கோடு வரைக்கும் அளந்தீரா, விளிம்பு வரைக்குமா? விளிம்பு வரைக்கும்னா அது 12 லிட்டர் பிடிக்கும், அப்போ ஓடுறது 470.

தக்கலை கடல்தொட்டி:
கோடு வரைக்கும்.

முட்டம் உப்புநீர்:
படம் போடும்.