பிள்ளையின் உடுப்பில் தெரிவது பிள்ளையா, தாயா?

வெள்ளவத்தை வாசகி:
பிள்ளையின் சட்டையில் ஒரு பொத்தான் அறுந்திருந்தால் "தாய் பார்க்கிறதில்லையோ?" என்றுதான் கேட்பார்கள். தகப்பனைப் பற்றி அப்படி யாரும் கேட்டு நான் காணவில்லை. தீபாவளி நேரம் கொழும்பில் காலி வீதிப் புடவைக்கடைகளுக்குப் போய்ப் பாருங்கள். தனக்குக் கிடைத்த சேலையை எடுத்துக்கொண்டு வருகிற பெண், மகளின் பட்டுப்பாவாடைக்காக நாலு கடை ஏறி இறங்குகிறாள். அதில் ஆசை இருக்கிறது, பயமும் இருக்கிறது. ஆடிவேல் திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைப் பார்த்துத் தாயின் வசதியையும் ரசனையையும் பொறுப்பையும் அளந்துவிடுவார்கள். இப்படியே போனால் அவள் என்று தனியாக யார் மிஞ்சுகிறார்கள்?

கொட்டாஞ்சேனைத் தையல்காரி:
அக்கா, பயத்தை மட்டும் பார்த்தால் எப்படி? என்னிடம் துணி கொண்டுவரும் தாய்மார் சொல்வதைக் கேளுங்கள். "கழுத்தை இறக்கி வெட்டுங்கோ, வேர்க்கும்." "கீழே கூட மடிச்சுத் தையுங்கோ, வாற வருசமும் போடலாம்." "பின்னுக்கு சிப் வேண்டாம், தானே போட்டுப் பழகட்டும்." கொழும்பு வெக்கை, கையில் இருக்கிற காசு, பிள்ளை வளருகிற வேகம் எல்லாம் அந்தப் பேச்சில் இருக்கின்றன. நைலோன் லேஸ் உறுத்துகிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்காக அதை முதலே வேண்டாம் என்கிறவள் தாய். தன் அம்மாவின் சேலையை வெட்டி மகளுக்குப் பாவாடை தைக்கச் சொன்னவர்களும் உண்டு. வீட்டில் மற்ற முடிவுகளை வேறு ஆட்கள் எடுக்கும்போது, இதையாவது அவள் எடுக்கிறாள். அவள் தொலைந்துவிட்டாள் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வெள்ளவத்தை வாசகி:
மற்ற முடிவுகள் கைக்கு வராததால்தான் இது இவ்வளவு பெரிதாகிறது என்றால், அதை எப்படிக் கொண்டாடுவது, தங்கச்சி?

புறக்கோட்டைக் கடைக்காரன்:
முடிவு என்றும் முழுதாகச் சொல்ல முடியாது. "ஆம்பிளைப் பிள்ளையா, பொம்பிளைப் பிள்ளையா?" என்று கேட்டுத்தான் நாங்கள் உடுப்பையே எடுத்துப் போடுகிறோம். 1918இல் அமெரிக்கச் சிறுவர் உடுப்பு வியாபார இதழ் ஒன்று, ஆணுக்கு இளஞ்சிவப்பு, பெண்ணுக்கு நீலம் என்று எழுதியது. இன்று அது தலைகீழ். தாயின் ரசனை என்று நாம் பேசுவதில் பெரும்பங்கு, அவர் கடைக்குள் வருமுன்பே தட்டில் அடுக்கப்பட்டிருக்கிறது.

வெள்ளவத்தை வாசகி:
தெரிவே இல்லாத இடத்தையும் பாருங்கள். இலங்கை அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடைத் துணி கொடுக்கத் தொடங்கியது 1993இல். பெரும்பாலும் ஒரே வெள்ளை. அப்போதும் யாருடைய வெள்ளை பழுப்பேறியிருக்கிறது, யாருடையது நீலம் போட்டு மடிப்புக் கலையாமல் இருக்கிறது என்று பார்த்துத் தாய்க்குத்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள்.

கொட்டாஞ்சேனைத் தையல்காரி:
அது தீர்ப்புச் சொல்கிறவர்களின் குறை. அதற்காகத் தாயின் கைத்திறனைச் சுமை என்று தள்ளிவிடாதீர்கள். அண்ணா, உங்கள் கடைக்குத் தகப்பன்மார் தனியாக வருவதில்லையா?

புறக்கோட்டைக் கடைக்காரன்:
வருகிறார்கள். அளவு கேட்டு வீட்டுக்குப் போன் எடுக்கிறார்கள்.

வெள்ளவத்தை வாசகி:
எனக்கு அப்படி ஒரு போன் வந்தால் சொல்ல மாட்டேன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அளந்து பார்க்கட்டும்.

கொட்டாஞ்சேனைத் தையல்காரி:
நான் சொல்லிவிடுவேன், அக்கா. அளவு பிழைத்தால் அந்த இறுக்கத்தில் நாள் முழுக்க நிற்கப்போவது பிள்ளைதான்.