பாடத்திட்டம், அங்கீகாரம், தேர்வு: இந்த வேலையில் நீங்கள் சந்தித்த ஆட்கள்

நொய்யல்காரன்:

தொழிற்பயிற்சிக்குப் பாடம் எழுதுகிறவர்கள், அதற்கு அங்கீகாரம் வாங்க அலைகிறவர்கள், தேர்வெடுக்கப் போகிறவர்கள் என்று இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். விதிமுறையை யாரும் தேடிப் படித்துக்கொள்ளலாம். அந்த வேலையில் உங்களுக்கு வாய்த்த ஆட்களைப் பற்றி எழுதுங்கள். நான் ஆரம்பித்து வைக்கிறேன்.

திருப்பூரில் பின்னலாடைத் தையலுக்கு ஒரு குறுகிய காலப் பயிற்சியை உருவாக்கும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. ‘டேக்கம்’ முறையில் செய்வது என்று முடிவு. 1960களில் கனடாவில் தொடங்கி, பிறகு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் வழியாகப் பரவிய முறை அது. ஒரு வேலையைத் தினமும் செய்கிற, அதில் கைதேர்ந்த 5 முதல் 12 பேரைக் கூட்டி உட்காரவைத்து, ‘வந்ததிலிருந்து போகிறவரை என்னென்ன செய்வீர்கள்’ என்று துருவித் துருவிக் கேட்டு, ஒவ்வொன்றையும் ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டே போக வேண்டும். பாடம் எழுதப் போகிறவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம்.

ஆள் சேர்ப்பதுதான் பெரும்பாடு. நல்ல டைலர் ஒருவரை அனுப்புங்கள் என்றால் கம்பெனிக்காரர்கள் சூப்பர்வைசரை அனுப்புகிறார்கள். டைலரை அனுப்பினால் அன்றைய புரொடக்‌ஷன் அடிபடும். பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கோ வராத நாளுக்குக் கூலி இல்லை. கடைசியில் ஞாயிற்றுக்கிழமையில் வைத்து, கையில் நாள் கூலியும் கொடுத்து, பவர் டேபிள்களில், அதாவது ஜாப் ஒர்க் எடுக்கும் சின்ன யூனிட்டுகளில், தைப்பவர்களையும் சேர்த்துக் கூட்டினோம். இந்தக் கூலி எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் இருக்காது. கன்சல்டன்ட்டுக்கு விமான டிக்கெட் மட்டும் இருக்கும்.

அப்படியும் ஒரு சூப்பர்வைசர் உள்ளே வந்துவிட்டார். மெஷின் துடைப்பது, நூல் கோப்பது, தைப்பது, கவுண்ட் கொடுப்பது என்று எல்லாவற்றுக்கும் அவரே முந்திக்கொண்டு பதில் சொன்னார். ஓவர்லாக் தைக்கிற ஒரு அக்கா டீ வரும் வரை வாயே திறக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “ஏனுங் சார், ஊசி உடைஞ்சா என்ன பண்ணுவீங்கன்னு கேக்கவே இல்லீங்களே?” என்றார்.

அதற்கப்புறம் ஒரு மணி நேரம் ஊசிதான் பேச்சு. எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஊசி உடைந்தால் மெஷினை நிறுத்தி, துண்டுகளை எல்லாம் தேடி எடுத்து, முழு ஊசியாக ஒட்டுகிறதா என்று பொருத்திப் பார்த்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டிய பிறகுதான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு கிடைக்காவிட்டால் பக்கத்தில் இருக்கும் துணி மொத்தமும் மெட்டல் டிடெக்டருக்குப் போகும். குழந்தைச் சட்டையில் ஊசிமுனை இருந்து தொலைத்தால் ஆர்டரே திரும்பி வந்துவிடும். “முனை கிடைக்கலைன்னா பண்டல் நிக்கும், லைனே என்னையத்தான் பாக்கும். புதுப் பிள்ளைக பயந்துக்கிட்டு துண்டக் குப்பையில போட்டுட்டு, தானே வாங்கி வச்ச ஊசிய மாட்டிக்கும்” என்றார். சூப்பர்வைசருக்கு அது அன்றைக்குத்தான் தெரியும் போல. முகம் மாறிவிட்டது.

இதை எப்படித் தேர்வில் வைப்பது? வேண்டுமென்றே ஊசியை உடைக்கச் சொல்ல முடியாது, கண்ணில் பட்டால் யார் பொறுப்பு. அதற்கும் அந்த அக்காவே வழி சொன்னார். உடைந்த ஊசியை ஒரு கவரில் போட்டுக் கொடுங்கள், அதில் ஒரு துண்டு குறைய வேண்டும். பிள்ளை பொருத்திப் பார்த்துக் குறைகிறது என்று சொல்கிறதா, இல்லை கவரை அப்படியே பதிவேட்டில் ஒட்டுகிறதா என்று பாருங்கள் என்றார். அப்படியே வைத்தோம்.

அங்கீகாரத்துக்குக் கோப்பு அனுப்புகிற கட்டத்தில் வேறு ரகம். ‘தொழில்துறை இந்தப் பாடத்தை ஏற்கிறது’ என்று கம்பெனிகளிடம் கடிதம் வாங்கி இணைக்க வேண்டும். ஒரு பெரிய கம்பெனியின் மனிதவள அதிகாரி, “ஃபார்மட் அனுப்புங்க, லெட்டர்ஹெட்ல போட்டு சீல் வச்சுத் தந்துடறேன்” என்றார். பாடத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சின்னதாகப் பவர் டேபிள் வைத்திருக்கும் இன்னொருவரோ பேனாவோடு உட்கார்ந்து வரிக்கு வரி படித்தார். ஜிப் வைக்கும் பகுதியை அடித்துவிட்டு, “டி‑ஷர்ட்டுக்கு எதுக்குங்க இது? அந்த நேரத்துல பேட்லாக் ஓட்டச் சொல்லிக் குடுங்க” என்று ஓரத்தில் எழுதினார் (பேட்லாக் என்பது ஓரம் மடித்துத் தைக்கிற ஃபிளாட்லாக் மெஷின்). கைமடியாக, அதாவது டைலருக்கு உதவியாளாக, இருப்பவர் எத்தனை நாளில் மெஷினில் உட்காரலாம் என்றும் கேட்டார். கோப்பில் இரண்டு கடிதமும் ஒரே எடைதான்.

பட்டறை வாத்தியார்:

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவுக்கு ரொம்ப காலம் சொல்லிக்கொடுத்தவன் நான். 1956இல் வந்த என்.சி.வி.டி. (தேசியத் தொழிற்பயிற்சிக் கவுன்சில்) காலத்து ஆள். 2018இல் அதன் இடத்துக்கு என்.சி.வி.இ.டி. (தேசியத் தொழிற்கல்வி, பயிற்சிக் கவுன்சில்) அறிவித்து, 2020இல் அது வேலையைத் தொடங்கியதையும் பார்த்துவிட்டேன். பலகை மாறினாலும், ஆய்வுக்கு வருகிற ஆட்கள் அன்றும் இன்றும் இரண்டே ஜாதி. ஒருவர் எண்ணுவார், இன்னொருவர் தொட்டுப் பார்ப்பார்.

எண்ணுகிறவரைச் சமாளிப்பது சுலபம். கருவிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வெர்னியர் இத்தனை, மைக்ரோமீட்டர் இத்தனை, சர்ஃபேஸ் பிளேட் இத்தனை என்று டிக் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். ஆய்வுக்கு முதல் நாள் இரவு லாரியில் வந்து மறுநாள் லாரியிலேயே திரும்பிப் போன லேத்தை நானே பார்த்திருக்கிறேன், வேறொரு தனியார் இடத்தில்.

அங்கே வந்த பெரியவர் இரண்டாவது ஜாதி. லேத்தைப் பார்க்கவே இல்லை, குனிந்து அஸ்திவார போல்ட்டைப் பார்த்தார். சிமெண்ட் ஈரம் காயவில்லை. ஒன்றும் சொல்லாமல், “போன ஆறு மாச இ.பி. பில்லைக் கொண்டாங்க” என்றார். இத்தனை மெஷின் ஓடியிருந்தால் யூனிட் ஏறியிருக்க வேண்டுமே! கொண்டுவரப் போனவர் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

எங்கள் இடத்துக்கும் அவரே வந்தார். மைக்ரோமீட்டரை மூடிப் பார்த்தார். பூஜ்யத்தில் நிற்காமல் 0.03 மில்லிமீட்டர் தள்ளிக் காட்டியது. என் பக்கம் திரும்பாமல் ஒரு பையனைக் கூப்பிட்டு, “இதுல அளந்தா எவ்வளவு கழிப்பே?” என்று கேட்டார். பையன் சரியாகச் சொன்னான். “கருவி சரியில்லை, பையன் சரியா இருக்கான்” என்று குறிப்பில் எழுதிவிட்டுப் போனார். கருவியை மாற்றச் சொல்லி அப்புறம் கடிதமும் வந்தது, அது வேறு.

வன்னியூரான்:

எங்கள் பக்கத்துக் கதையையும் சொல்கிறேன். இலங்கையில் இதற்கெல்லாம் பொறுப்பு மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு, 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி வந்தது. நிறுவனத்தைப் பதிவுசெய்வது ஒரு கட்டம், அங்கே நடக்கிற பாடநெறிக்கு அங்கீகாரம் எடுப்பது வேறொரு கட்டம். முதலாவதை வைத்துக்கொண்டே இரண்டாவதும் கிடைத்தமாதிரி விளம்பரம் போடுகிற இடங்கள் உண்டு. பிள்ளைகளைச் சேர்க்க முன் இரண்டையும் கேளுங்கள். என்.வி.கியூ., அதாவது தேசிய தொழிற்தகைமை, மொத்தம் 7 மட்டம்: 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம்.

பயிற்சிக்கே வராதவர்களும், செய்கிற தொழிலைக் காட்டிச் சான்றிதழ் எடுக்கலாம், முன்கற்றலை அங்கீகரிக்கிற முறையில். அப்படி ஒரு மேசன் ஐயாவுக்கு ஆதாரக் கோவை தயாரிக்க உதவப் போனேன். அவர் கட்டின வீடுகள் ஊர் முழுக்க நிற்கின்றன, கையில் ஒரு கடுதாசி இல்லை. வேலை செய்வித்தவர்களில் பாதிப்பேர் வெளிநாடு. மகளின் தொலைபேசியில் இருந்த படங்களும், இரண்டு வீட்டுக்காரர் எழுதித் தந்த கடிதங்களும்தான் கோவை.

மதிப்பீட்டாளர் தெற்கிலிருந்து வந்தவர், தமிழ் தெரியாது. ஐயாவுக்குக் கட்டடம் நடக்கிற இடத்துச் சிங்களம் தெரியும். மொழிபெயர்க்கவென்று நான் நின்றேன், எனக்கு அங்கே அதிகம் வேலை இருக்கவில்லை. மட்டம் பார்க்கிற தூக்குக்குண்டைப் பிடித்து ஒருவர் காட்ட மற்றவர் தலையாட்டினார். சிக்கல் வந்தது கல்லில். தேர்வுக்கு வைத்திருந்தது செங்கல், மூலை கட்டச் சொன்னார்கள். ஐயா காலம் முழுக்கக் கட்டினது சீமெந்துக் கல். மதிப்பீட்டாளர் யோசித்துப்போட்டு, கலவை இல்லாமல் இரண்டு வரி அடுக்கிக் காட்டினார். ஐயா ஒருக்கால் சுற்றிவந்து பார்த்தார், பிறகு அவரைத் தள்ளி நிற்கச் சொன்னார். மூலை மட்டத்துக்கு நின்றது.

ஆனால் கிடைத்தது 4 இல்லை, 3. கட்டட வரைபடம் வாசிக்கத் தெரியவில்லை. “வீட்டைக் கட்டினது நான், படம் கீறினது நான் இல்லையே தம்பி” என்று ஐயா என்னோடு கோபித்தார். ஊர்ச் சங்கத்தில் சிலர் மதிப்பீட்டாளரைக் குறை சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. படம் வாசிக்காத மேசனை 4 என்று அனுப்பினால், நாளைக்கு வளைகுடாவில் அவரிடம் படத்தைக் கொடுப்பார்கள். அங்கே யார் அவருக்காக நிற்பது? படம் வாசிக்க மட்டும் ஒரு சின்ன வகுப்புப் போட்டுத் தரச்சொல்லிப் பக்கத்து நிலையத்திடம் கேட்டிருக்கிறோம். இன்னும் இழுபடுகிறது.

கோடைமழை:

@வன்னியூரான் அண்ணா, இந்தியாவிலும் ஆர்.பி.எல். என்று அதே ஏற்பாடு உண்டு. நிலைதான் வேறு. தேசியத் திறன் தகுதிச் சட்டகம் 2013இல் வந்தபோது 10 நிலை, 2023இல் திருத்தி 8 ஆக்கினார்கள், நடுவில் அரை நிலைகளும் உண்டு. 30 மணி நேரக் கற்றலுக்கு ஒரு கிரெடிட். பத்து நாள் வகுப்பை இழுத்துக் கணக்குக் காட்டுகிறவர்கள் கதை யாரிடமாவது இருக்குமே?

மருதாணி:

அந்தக் கதை என்னிடம் இல்லை, வேறொன்று இருக்கிறது. நர்ஸாக இருந்து, இப்போது நோயாளிப் பராமரிப்பு உதவியாளர் பயிற்சிகளுக்கு மதிப்பீட்டாளராகப் போகிறேன். பயிற்சி தருகிறவரே தேர்வெடுக்கக் கூடாது என்பதால் எங்களைப் போன்ற வெளியாட்களை அனுப்புகிறார்கள். போகிற இடமெல்லாம் இருப்பிடம் பதிவான போட்டோ, வீடியோ எடுத்து ஏற்ற வேண்டும். மேசைக்குப் பெரிய பிளேட்டில் முந்திரி வரும். எல்லாரும் பாஸ் என்று சொல்லாமல் சொல்கிற முந்திரி.

ஒரு மையத்தில், படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு நோயாளியை மாற்றும் செய்முறை. படுக்கையில் பொம்மை. உள்ளே வந்த பிள்ளைகள் எல்லாரும் வாசற்படியிலேயே ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தை ஒரே ராகத்தில் ஒப்பித்தார்கள், ‘நோயாளியிடம் சொல்லிவிட்டுத் தொட வேண்டும்’ என்பதற்கு மதிப்பெண் இருப்பதால். சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பொம்மையின் கையை இழுத்தார்கள். ஒரு பெண் மட்டும் குனிந்து, “பாட்டி, உக்கார வைக்கப் போறேன், என் தோளப் புடிச்சுக்கங்க” என்றாள். பொம்மைக்குத்தான். ஆனால் தோளைப் பிடிக்கிற உயரத்துக்குக் குனிந்து நின்றாள்.

அடுத்தது நாற்காலியின் பிரேக் போட வேண்டும். அவள் போட்டாள், நிற்கவில்லை. மறுபடி போட்டாள், சக்கரம் உருண்டது. சுற்றிப் பார்த்து, கதவுக்கு அண்டக் கொடுத்திருந்த செங்கல்லை எடுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, “மேடம், பிரேக் வேலை செய்யல, இது சரியா?” என்றாள். அவளுக்கு முன்னால் வந்தவர்கள் பிரேக்கைத் தட்டிவிட்டு, அது பிடித்ததா என்று பார்க்காமலே பொம்மையை மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள்.

அங்கீகாரக் கோப்பில் ‘சக்கர நாற்காலி: உண்டு’ என்று இருக்கிறது. பார்த்தேன். பட்டறை வாத்தியார் சொன்ன முதல் ஜாதி ஆள் வந்து போயிருக்கிறார்.

பட்டறை வாத்தியார்:

@மருதாணி, அம்மா, மற்ற பிள்ளைகளுக்கு எப்படி மதிப்பெண் போட்டீர்கள்? கருவி பழுதுக்குப் பிள்ளையைத் தண்டிக்க முடியாதே.

மருதாணி:

போடவில்லை, சார். அந்தப் பகுதியை மட்டும் நிறுத்திவைத்து, கருவி பழுது என்று அறிக்கையில் எழுதினேன். மையத்தின் பொறுப்பாளர் போனில் சத்தம் போட்டார், முந்திரி வாபஸ். சான்றிதழ் தரும் அமைப்பு மறுதேர்வுக்குச் சொன்னது, பக்கத்து ஆஸ்பத்திரியின் நாற்காலியில். அதற்கான செலவு யாருடையது என்று மையமும் அமைப்பும் இன்னும் மெயிலில் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. பிள்ளைகளில் மூன்று பேர் சான்றிதழுக்குக் காத்திருக்காமல் அதே ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள், செங்கல் வைத்த பெண்ணும் சேர்த்து.