ரிமூவ், எலிமினேட், எரேஸ், டெலீட்: எதை எங்கே போடுவது? அவசரம்ங்க

திருப்பூர்_மெர்ச்சண்டைசர்:
வணக்கம்ங்க. தலைப்பில் இருக்கும் நாலு சொல்லுக்கும் என்ன வித்தியாசம்? அகராதியில் எல்லாவற்றுக்கும் "நீக்கு" என்றே போட்டிருக்கிறது. சாயங்காலத்துக்குள் மெயில் போகவேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்க.

கோவை_கோடர்:
எதிலிருந்து எதை நீக்குகிறீர்கள்? கம்ப்யூட்டர் என்றால் எனக்குத் தெரியும். ஹார்ட் டிஸ்கில் ஒரு ஃபைலை டெலீட் செய்தால், அது எங்கே இருக்கிறது என்று காட்டும் பதிவுதான் பெரும்பாலும் போகும். உள்ளே இருப்பது, வேறொன்று மேலே எழுதப்படும்வரை அப்படியே கிடக்கும். எரேஸ் என்றால் மேலே எழுதி, திரும்ப எடுக்க முடியாமல் செய்வது. உங்களுக்கு எரேஸ்தான் வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஓய்வாசிரியர்_கோபி:
சொல்லைத் தனியே பிடுங்கி வந்து பொருள் கேட்பதே தவறு. வாக்கியம் எங்கே? இருந்தாலும் சொல்கிறேன். எரேஸ் என்பது லத்தீனில் சுரண்டி எடுப்பது. எழுதியது, வரைந்தது, பதிந்தது, இவற்றுக்குத்தான் அது வரும். ரிமூவ் என்றால் இருந்த இடத்திலிருந்து எடுத்துவிடுவது. எலிமினேட் என்பதில் உள்ள "லிமென்" வாசற்படி. படிக்கு வெளியே துரத்துவது. உயர்நிலைப் பள்ளியிலேயே பிடிபட்டிருக்க வேண்டிய விஷயம்.

திருப்பூர்_மெர்ச்சண்டைசர்:
எங்களிடம் துணி வாங்கும் பையருக்குப் போகிற மெயில்ங்க. கறை விஷயம்.

சாயப்பட்டறைக்காரன்:
என்ன கறைங்க? ஆயிலா, துருவா, சாயம் ஒட்டியதா? வெள்ளையா, கலரா? ஆயில் என்றால் கறை எடுக்கும் மருந்தை ஸ்பாட் கன்னில் பீய்ச்சி அடித்து எடுத்துவிடலாம். அது ரிமூவ். சாயம் என்றால் காஸ்டிக், ஹைட்ரோஸ் என்ற கெமிக்கல்களைப் போட்டுச் சூடேற்றி ஸ்ட்ரிப் பண்ண, அதாவது சாயத்தை உரித்தெடுக்க, வேண்டிவரும். ஆனால் மெயிலில் தெரியாத்தனமாக ஸ்ட்ரிப் என்று எழுதிவிடாதீர்கள். துணியின் வலு என்ன ஆயிற்று என்று டெஸ்ட் ரிப்போர்ட் கேட்பார்கள்.

அவினாசி_பிரிண்டிங்:
டிஸ்சார்ஜ் பிரிண்டிலும் சாயத்தை எடுக்கத்தானே செய்கிறோம்? அப்போ அதுவும் ஸ்ட்ரிப்தானே?

சாயப்பட்டறைக்காரன்:
இல்லீங்க. ஸ்ட்ரிப் என்றால் துணி முழுக்க உரிப்பது. டிஸ்சார்ஜில் டிசைன் விழும் இடத்தில் மட்டும் சாயம் போகும். அந்த இடத்தில் வேறு கலரும் ஏற்றலாம்.

நொய்யல்_கரை:
டிஸ்சார்ஜ் என்றதும் எங்களுக்கு ஞாபகம் வருவது வேறுங்க. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை வெளியே விடாமல் ஜீரோ டிஸ்சார்ஜ் செய்தோம், உப்பை எலிமினேட் பண்ணிவிட்டோம் என்று மேடை போட்டுப் பேசுகிறார்கள். ஆர்.ஓ. என்ற சவ்வு வடிகட்டி தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கிறது, அவ்வளவுதான். கழிவை எவாப்பரேட்டரில் காய்ச்சினால் கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக நிற்கிறது. இது ரிமூவா, எலிமினேட்டா? வாத்தியார் சொல்லட்டும்.

சாயப்பட்டறைக்காரன்:
ஆற்றில் விடாமல் கட்டி வைத்திருக்கிறோமே, அதற்கு ஒரு வார்த்தை கிடையாதா? அதற்கு ஆகும் கரண்ட் பில்லை நீங்க கட்டுவீங்களா?

ஓய்வாசிரியர்_கோபி:
தண்ணீரைப் பொறுத்தவரை ரிமூவ். ஊரைப் பொறுத்தவரை இரண்டும் இல்லை. இழையை விட்டு விலக வேண்டாம்.

திருப்பூர்_மெர்ச்சண்டைசர்:
மன்னிச்சுக்குங்க, செக்கிங்கில் இருந்தேன். வெள்ளை சிங்கிள் ஜெர்சி டீ-ஷர்ட். நிட்டிங்கில் விழுந்த ஆயில் கறை. கரெக்டிவ் ஆக்‌ஷன் ரிப்போர்ட்டில் (பிழையைச் சரிசெய்ய என்ன செய்தோம் என்ற அறிக்கை) "கறை பீஸ்களை எலிமினேட் செய்துவிட்டோம்" என்று எழுதினேன். ஷிப்மென்ட்டில் எத்தனை பீஸ் குறையும் என்று பையர் கேட்கிறார். நாங்கள் கறையைத்தான் எடுத்தோம், பீஸ் எதுவும் குறையாது.

பெருந்துறை_க்யூஏ:
தம்பி, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஆற்றங்கரை வரைக்கும் போயிருக்க மாட்டோம். கறை போய் பீஸ் நல்லபடியாக இருந்தால், பீஸிலிருந்து கறையை ரிமூவ் செய்தோம் என்று எழுதுங்க. போகாத பீஸ் இருந்தால் அது ரிஜெக்ட், தனியாக எண்ணிக்கை கொடுங்க. எலிமினேட் என்ற சொல்லைக் காரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்க. தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9000இல் கரெக்டிவ் ஆக்‌ஷனுக்கு விளக்கமே பிழையின் காரணத்தை எலிமினேட் செய்து, திரும்ப வராமல் தடுப்பது என்பதுதான். எந்த மெஷினில் ஆயில் சொட்டியது, ஏன் சொட்டியது, என்ன மாற்றினீர்கள் என்று வரவேண்டும். "ஆயிலைக் குறைத்து வைத்தோம்" என்று மட்டும் எழுதினால் அது ரெட்யூஸ். மறுபடியும் திருப்பி அனுப்புவார்கள்.

ஈரோடு_செவிலி:
எங்கள் துறையில் இதைக் கறாராகப் பார்ப்பார்கள். ஒரு நாட்டிலோ பகுதியிலோ நோய் பரவாமல் நின்றுபோனால் எலிமினேட். உலகம் முழுக்க ஒழிந்தால் எராடிகேட். பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்ததாக 1980இல் அறிவித்தார்கள். இந்தியா 2014இல் போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழ் வாங்கியது, ஆனால் பக்கத்து நாடுகளில் போலியோ இருந்தது. அதனால்தான் அதற்குப் பிறகும் சொட்டு மருந்து போட்டோம். ஒரு மெஷினைச் சரிசெய்துவிட்டு எராடிகேட் என்று எழுதிவிடாதீர்கள்.

ஓய்வாசிரியர்_கோபி:
வாசற்படிக்கு வெளியே என்று நான் சொன்னதும் இதைத்தான். கவனித்துப் படித்திருந்தால் இத்தனை பதிவு தேவைப்பட்டிருக்காது.

நொய்யல்_கரை:
ஆற்றங்கரையில் இருந்துதான் வாத்தியாரே உங்களுக்கு உதாரணமே கிடைத்தது.

திருப்பூர்_மெர்ச்சண்டைசர்:
அனுப்பியாச்சுங்க. ஓகே சொல்லிட்டாங்க. மெஷினுக்கு ஆயில் விடும் ஆயிலரை மாற்றுகிறோம், துவைத்தால் போகிற ஆயிலுக்கும் சொல்லியிருக்கிறது. எல்லாருக்கும் நன்றிங்க.

கோவை_கோடர்:
எல்லாம் சரி. கேள்வியில் டெலீட் எதற்கு வந்தது? கறைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையே.

திருப்பூர்_மெர்ச்சண்டைசர்:
அது வேற மெயில்ங்க. பி.ஓ.வில் (பர்ச்சேஸ் ஆர்டர்) ஒரு கலரை டெலீட் பண்ணச் சொல்லியிருக்கிறார். லிஸ்டிலிருந்து எடுத்தால் போதும்தானே?

பெருந்துறை_க்யூஏ:
எந்தக் கலர்? துணி சாயம் போட டையிங்குக்குப் போயாச்சா?

சாயப்பட்டறைக்காரன்:
தம்பி, போயாச்சா இல்லையா? இருக்கீங்களா?