பார்த்து முடித்தும் மனதை விட்டுப் போகாத பழைய எபிசோட், பழைய படம்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

மொட்டைமாடி

'ட்வைலைட் ஸோன்' என்ற பழைய அமெரிக்க டிவி தொடரில் அந்த பேங்க் கிளார்க் எபிசோட். 'டைம் இனஃப் அட் லாஸ்ட்', 1959. ஹைட்ரஜன் குண்டு, பெட்டக அறை, நூலகப் படிக்கட்டு, கண்ணாடி. கதை எல்லாருக்கும் தெரியும், ஒரே வரியில் சொல்கிறேன்: குண்டில் ஊரே அழிய, பெட்டக அறையில் படித்துக்கொண்டிருந்த கிளார்க் மட்டும் தப்பி, இனி நூலகப் புத்தகமெல்லாம் தனக்கே என்று உட்காரும்போது அவன் கண்ணாடி உடைந்துவிடும்.

எனக்குக் கிட்டப்பார்வை, கண்ணாடி பவர் மைனஸ் 7. போன மாதம் பஸ் ஏறும்போது கண்ணாடி கீழே விழுந்து, பின்னால் வந்தவர் செருப்புக்கடியில் போய்விட்டது. ஸ்டாண்டில் அரைமணி நேரம் நின்றேன். எந்த பஸ்ஸைப் பார்த்தாலும் சிவப்பாக ஒரு மேகம் வந்து நிற்கிறது, போகிறது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவிடம், "இது எந்த பஸ்ம்மா?" என்றேன். "அதான் போர்டுல போட்டிருக்கே, படிக்கத் தெரியாதா?" என்றார். அந்த நொடியில் ஞாபகம் வந்தது அந்த கிளார்க்காக நடித்த பர்ஜஸ் மெரிடித் முகம்தான். உடைந்த கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் புகார் சொல்வது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாரே, அந்த முகம்.

இந்த எபிசோடைப் பற்றி எங்கே பேசினாலும் ஒருவர் வந்து, "மனுஷங்களை மதிக்காம புத்தகத்தோடயே கிடந்தான், அதுக்குத் தண்டனை" என்கிறார். அதுதான் எனக்கு உறுத்துகிறது. கவுண்ட்டரில் படித்தான், சில்லறையைக் குறைத்துக் கொடுத்தான். வேறென்ன செய்தான்? அவன் பெண்டாட்டி கவிதைப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக அடித்துக் கிறுக்கி வைத்துவிட்டு, "எனக்குப் படிச்சுக் காட்டு" என்றாளே, அவளுக்கு யார் தண்டனை கொடுத்தது?

டயனோரா_வீடு

அவள் தலையில்தான் ஹைட்ரஜன் குண்டே விழுந்ததே சார்! அதற்கு மேல் என்ன வேண்டும்?

சரி, என் கதை. எண்பதுகள், ஞாயிறு காலை, தூர்தர்ஷனில் ஸ்டார் டிரெக், அமெரிக்க விண்வெளித் தொடர். எதிர்வீட்டில் ஷட்டர் வைத்த டயனோரா டிவி. நான் ஆறாம் வகுப்பு, தமிழ் மீடியம். பேசுவதில் ஒரு வார்த்தை புரியாது. அந்தக் கூரான காதுக்காரர் ஸ்பாக் நல்லவரா கெட்டவரா என்றே மூன்று வாரம் சண்டை போட்டோம்.

அந்தச் சுரங்க எபிசோட் வந்தது. பாறைக்குள் துளைத்துக்கொண்டு வந்து ஆட்களைப் பொசுக்கும் ஜந்து. பார்க்கத் தீய்ந்துபோன பெரிய ஊத்தப்பம் மாதிரி இருக்கும். அதற்குக் காயம் பட்டுவிடும். ஸ்பாக் கையை நீட்டி அதன் மனதைப் படித்து "பெய்ன்! பெய்ன்!" என்று அலறுவார். அப்புறம் அது நகர்ந்து போனால், கீழே பாறையில் எழுத்து பொரிந்திருக்கும்: 'நோ கில் ஐ'.

மூன்று வார்த்தை. மூன்றும் எனக்குத் தெரியும்! எழுந்து நின்று சத்தமாக வாசித்துவிட்டேன். அந்தத் தொடரிலேயே எனக்குத் தெரிந்த ஆங்கிலம் பேசிய ஒரே ஆள் அந்த ஜந்துதான். அதுவும் என்னை மாதிரியே தப்பு இங்கிலீஷ்.

வீட்டுக்காரர் கேட்டார்: "சரிடா, வாசிச்சிட்டே. அதுக்கு என்ன அர்த்தம்? 'என்னைக் கொல்லாதே'ங்குதா, 'நான் கொல்ல மாட்டேன்'ங்குதா?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முப்பது வருடம் கழித்து சப்டைட்டிலோடு பார்த்தபோதுதான், கேப்டன் கிர்க்கும் அதே கேள்வியைக் கேட்கிறார் என்று தெரிந்தது. அந்த உருண்டை உருண்டையான கற்கள் அதன் முட்டைகள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நாங்கள் வெடிகுண்டு என்று முடிவு கட்டியிருந்தோம். எதிர்வீட்டு மாமா இப்போது இல்லை, போய்ச் சொல்ல.

வட்டக்கண்ணாடி

என் அனுபவம் சின்னது. முதல் விமானப் பயணம், ஜன்னல் சீட், ராத்திரி, வெளியே மழை. ட்வைலைட் ஸோனில் 1963இல் வந்த அந்த விமான எபிசோட் ஞாபகம் வந்தது. பயணியாக வரும் வில்லியம் ஷாட்னர் ஜன்னல் திரையை விலக்கினால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மூஞ்சி ஒட்டிக்கொண்டு நிற்குமே, அது. ஷட்டரை இறக்கிவிட்டேன். தரையிறங்கும்போது பணிப்பெண் வந்து ஏற்றச் சொன்னார். பக்கத்து சீட்காரரை ஏற்றச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். அவ்வளவுதான்.

@மொட்டைமாடி, நான் 22 வருடமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். மைனஸ் 7 என்றால், ஒரு மீட்டரை ஏழால் வகுங்கள். ஏறத்தாழ 14 சென்டிமீட்டர். அந்தத் தூரத்தில் கண்ணாடி இல்லாமலே உங்களுக்கு எழுத்து தெளிவாகத் தெரியும். ஆகவே அந்த பேங்க் கிளார்க்குக்குக் கிட்டப்பார்வை என்றால் புத்தகத்தை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்து ஆயுசுக்கும் படித்திருக்கலாம். தூரப்பார்வை என்றால்தான் கஷ்டம். அதற்கும் வழி உண்டு. ஒரு கறுப்பு அட்டையில் குண்டூசியால் ஒரு துளை போட்டு, கண்ணுக்கு ஒட்டினாற்போல வைத்துப் பாருங்கள். கண்ணுக்குள் அகலமாக வந்து சிதறுகிற ஒளி தடுக்கப்பட்டு, மெல்லிய கற்றை மட்டும் உள்ளே போகும், மங்கல் குறையும். கிட்டப்பார்வை, தூரப்பார்வை, வெள்ளெழுத்து, எதற்கும் இது வேலை செய்யும். வெளிச்சம் மட்டும் நன்றாக வேண்டும். அவர் உட்கார்ந்திருந்தது நல்ல வெயிலில். கையில் அத்தனை அட்டை போட்ட புத்தகங்கள். ஊசிக்கா பஞ்சம்?

இன்னும் சில. கண்ணாடிச் சீட்டைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பவர் மாறினாலும் பழைய கண்ணாடியைத் தூக்கிப் போடாதீர்கள், பையில் கிடக்கட்டும். பஸ் போர்டு தெரியவில்லையா, போன் கேமராவைத் திறந்து பெரிதாக்கித் திரையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சட்டைப்பையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனியாதீர்கள், பாதி உடைவது அப்படித்தான். பிளாஸ்டிக் வில்லை வாங்குங்கள், விழுந்தால் கீறல் விழும், நொறுங்காது. கண்ணாடியில்லாமல் வண்டி மட்டும் ஓட்டாதீர்கள்.

ஆச்சி_பேத்தி

கண்ணாடிக் கடைக்காரருக்கு வணக்கம். யாரும் கேட்காமலே முழு செக்கப்பும் முடிந்தது :)

நான் சொல்வது நம்ம ஊர்ப் படம். 'கலை அரசி', 1963. எம்.ஜி.ஆர்., பானுமதி. வேறொரு கிரகத்தில் விஞ்ஞானம் உச்சத்தில் இருக்கும், ஆனால் கலை கிடையாது. அதனால் நம்பியார் பறக்கும் தட்டில் வந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். ககாரின் விண்வெளிக்குப் போய் ரெண்டே வருடத்தில் வந்த படம்!

திருநெல்வேலியில் ஆச்சி வீட்டில், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் டிவியில் ஓடியது. காலேஜ் விடுமுறை, எனக்குத் திமிர். அந்தத் தட்டைப் பார்த்ததும், "இட்லிச் சட்டி மூடி பறக்குது ஆச்சி" என்று விழுந்து விழுந்து சிரித்தேன். ஆச்சி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்:

"ஏட்டி, அங்கன பாட்டுச் சொல்லிக் குடுக்க ஒரு ஆளு கூடவா இல்ல? அப்ப பிள்ளைய என்னத்தச் சொல்லித் தூங்கப் போடுவாவ?"

நான் பதில் சொல்லவில்லை. இன்றுவரை எந்த வேற்றுக்கிரகப் படம் பார்த்தாலும் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. 'ஃபர்பிடன் பிளானெட்' பார்த்தேன், இதுதான். '2001' பார்த்தேன், அங்கே 'ஹால்' என்ற கம்ப்யூட்டர் சாகும்போது பாடுகிறதே, அப்போதும் இதுதான்.

பாதி_சப்டைட்டில்

கலை அரசி மாயாஜாலப் படம், அறிவியல் புனைவு ஆகாது. விட்டலாச்சார்யா வகை. தட்டு பறந்தால் மட்டும் போதாது.

ஆச்சி_பேத்தி

@பாதி_சப்டைட்டில் 'இந்த ஊரில் எல்லாம் இருக்கிறது, ஒன்று மட்டும் இல்லை, அப்போது மனுஷர் எப்படி வாழ்வார்?' என்று கேட்பதுதானே அறிவியல் புனைவு? ஆச்சி எட்டாம் நிமிஷம் கேட்டுவிட்டாள். நீங்கள் எந்தப் படத்தில் என்ன கேட்டீர்கள், எழுதுங்கள் பார்ப்போம்.

பாதி_சப்டைட்டில்

எழுதுகிறேன். 'டு செர்வ் மேன்', இதுவும் ட்வைலைட் ஸோன்தான், 1962. டேமன் நைட் கதை, ராட் செர்லிங் திரைக்கதை. கனாமிட்கள் என்ற ஒன்பது அடி வேற்றுக்கிரகவாசிகள் வந்து பசி, போர் எல்லாவற்றையும் ஒழித்து, மனிதர்களைக் கப்பலில் அவர்கள் கிரகத்துக்கு அழைத்துப் போவார்கள். அவர்கள் விட்டுச் சென்ற புத்தகத்தின் தலைப்பும் 'டு செர்வ் மேன்', அதைப் படித்ததும் எல்லாருக்கும் நம்பிக்கை. கடைசியில்தான் உள்ளே இருப்பது சமையல் குறிப்பு என்று தெரியும்.

ரூமில் ஐந்து பேர். கரண்ட் போன ராத்திரி, நான் தமிழில் கதை சொன்னேன். நன்றாகத்தான் போனது. தலைப்பு வந்த இடத்தில் 'மனித சேவை' என்று சொல்லிவைத்தேன். கடைசியில் புத்தகத்தை மொழிபெயர்க்கும் பெண் ஓடிவந்து கத்துகிறாள், "அது சமையல் புத்தகம்!" நிறுத்தினேன். ஒருத்தரும் பயப்படவில்லை. அப்போதுதான் உறைத்தது, ஆங்கிலத்தில் 'செர்வ்' என்ற ஒரே சொல் தொண்டு செய்வதற்கும் பரிமாறுவதற்கும் ஆகும், தமிழில் ஆகாது. சொதப்பிவிட்டோம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இருட்டில் கோயம்புத்தூர்க்காரன் குரல்:

"ஆமா, சமையல் புக்குதான். லெமன் சேவை, தேங்காய் சேவை, மனித சேவை."

பத்து நிமிடம் யாராலும் பேச முடியவில்லை. நான் தேடியிருந்தாலும் கிடைத்திருக்காத மொழிபெயர்ப்பு. ஆனால் பயமுறுத்த வேண்டிய கதை, சிரிப்பில் முடிந்துபோனது. அதற்கப்புறம் இடியாப்பக் கட்டையைப் பார்த்தால் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கிறது.

வட்டக்கண்ணாடி

எனக்கு அந்த எபிசோடில் ஒரு சந்தேகம் உண்டு. புத்தகம் அவர்கள் மொழியில். ஆங்கிலத்தில் உள்ள சிலேடை கனாமிட் மொழியிலும் எப்படி அப்படியே இருக்கும்? மொழிபெயர்த்தவர்களின் தப்பைக் கதையின் திருப்பம் என்று விற்றுவிட்டார்கள். @மொட்டைமாடி கண்ணாடி மாற்றியாயிற்றா?

நைட்_ஷிஃப்ட்

உள்ளே வந்து ரொம்ப நேரமாகிறது, நானும் சொல்லிவிட்டுப் போகிறேன். 'லா ஜெட்டே', பிரெஞ்சு, 1962, கிறிஸ் மார்க்கர். 28 நிமிடம். மூன்றாம் உலகப் போருக்கு அப்புறம் பாரிஸில் ஒருவனைக் காலத்தில் பின்னால் அனுப்புவார்கள். படம் முழுக்க அசையாத புகைப்படங்கள். இது எனக்கு முதலில் தெரியாது. நெட் நின்றுவிட்டது என்று நினைத்து ரெண்டு தடவை ரிஃப்ரெஷ் செய்தேன். மூன்றாவது தடவை ரௌட்டரை ஆஃப் செய்து ஆன் செய்ய எழுந்தேன்.

பின்னாலிருந்து மனைவி, "என்னங்க, அந்தப் பொண்ணு கண்ணைத் திறந்து பார்த்தா!" என்றாள்.

"எல்லாம் போட்டோதான், அசையாது" என்றேன்.

"திறந்தாங்க. சிமிட்டுனா. என்னையே பார்த்த மாதிரி இருந்துச்சு."

சண்டையே வந்துவிட்டது. தூக்கக் கலக்கம் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். ஷிஃப்டில் டீ பிரேக்கில் தேடிப் பார்த்தால், படம் முழுக்க அசைவது அந்தச் சில நொடிதான். வீட்டுக்கு வந்து பின்னால் ஓட்டிப் பார்த்தேன். ஆமாம், திறக்கிறாள். ஆனால் வருகிறது என்று தெரிந்து காத்திருந்து பார்த்தேனே, அது வேறு. அவள் பார்த்தது எனக்கு இனிக் கிடைக்காது. போன வாரம்கூட ஏதோ பேச்சில், "நீங்கதான் ரௌட்டரை பார்த்துட்டு இருந்தீங்களே" என்றாள்.

பாதி_சப்டைட்டில்

நைட்_ஷிஃப்ட், ஃபைபருக்கு மாறுங்கள். ரௌட்டரை ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள்.

மொட்டைமாடி

@வட்டக்கண்ணாடி புதுக் கண்ணாடி வந்துவிட்டது, பிளாஸ்டிக்தான். ராத்திரி அதைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்கேல் எடுத்து அளந்து பார்த்தேன். 14 சென்டிமீட்டர், சரியாக இருக்கிறது. ரெண்டு பக்கம் படித்தேன். ஊசித் துளையும் போட்டுப் பார்த்தேன், டியூப்லைட் வெளிச்சம் போதவில்லை. அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவள், "எதுக்குடா புத்தகத்தை மோந்து பார்க்கிற?" என்றாள்.