பழைய மாருதி 800: முதல் மிதிக்கு பெடல் தரை வரைக்கும் போகுது, ரெண்டாவது மிதிக்கு நிக்குது, என்னவா இருக்கும்?

அம்மாபேட்டைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கப்பா 2003ல வாங்குன மாருதி 800 இன்னும் வீட்டுல நிக்குது, 2018லயும் 2023லயும் எஃப்.சி. காட்டி ஆர்.சி. புதுப்பிச்சாச்சு, விக்க யாருக்கும் மனசு வரல. நடுவுல அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி எட்டு மாசம் வண்டிய யாரும் தொடல, ஷெட்டும் கிடையாது, வாசல்ல வேப்பமரத்தடியில மழையில நனைஞ்சுக்கிட்டே நின்னுச்சு, அதுவும் ஹேண்ட் பிரேக்க இழுத்து வச்சபடியே. போன மாசம் புது பேட்டரி போட்டு எடுத்தா பின் சக்கரம் அசையவே இல்ல, ரிவர்ஸ் போட்டு லேசா ஆக்சிலேட்டர் குடுத்ததும் டக்குனு ஒரு சத்தம், விட்டுருச்சு. அன்னையில இருந்து தொல்லை ஆரம்பம்.

பிரேக் மிதிச்சா முதல் தடவை பெடல் கிட்டத்தட்ட மேட் வரைக்கும் போகுது, உடனே எடுத்து இன்னொரு தடவை மிதிச்சா பாதியிலயே நல்லா கெட்டியா நிக்குது. பிரேக் ஆயில் டப்பாவுல மூணு வாரத்துல ஒரு விரல் அளவுக்கு குறைஞ்சிருக்கு. இடது பின் டயர் உள்பக்கம் ஈரமா இருக்கு. வலது பின் ரிம் கடைக்கு போயிட்டு வந்தாலே கை வைக்க முடியாத சூடு. ஹேண்ட் பிரேக் மேல வரைக்கும் இழுத்தாலும் எங்க தெரு சரிவுல வண்டி மெதுவா நகருது.

மெக்கானிக் கிட்ட விட்டேன், பெடல மிதிச்சா பிரேக் ஆயில பைப்புல தள்ளுற மாஸ்டர் சிலிண்டர் போச்சுன்னு மாத்தி 3200 வாங்குனார். பத்து நாள் சூப்பரா இருந்துச்சு, பதினோராவது நாள் பழைய குருடி கதவ திறடி. இப்ப மிதிக்கு பலம் சேக்குற பூஸ்டர்ங்குறார். அடுத்த மாசம் ஏற்காடு போகணும், மாமா வீட்டு விசேஷம், 20 ஹேர்பின் இறங்கணும், பயமா இருக்கு. அவர் சொல்றத நம்பலாமா?

கிரீஸ்கை:

ஏனுங்க, ஏற்காட்டை இப்போதைக்கு மறந்துருங்க, பஸ்ல போங்க. உங்க வண்டிய நான் பாக்கல, ஆனா நீங்க சொன்னதுல ஒண்ணு போதும், ஆயில் குறையுது. பிரேக்குல ஒரசுற லைனிங் தேய தேய ஆயில் லெவல் கொஞ்சம் இறங்கும், அது மாசக்கணக்குல மெதுவா நடக்குற சமாச்சாரம். மூணு வாரத்துல ஒரு விரல்னா எங்கயோ வெளிய போகுது, டயர் ஈரம்னு நீங்களே எடத்தையும் சொல்லிட்டீங்க. அதுக்கப்புறம் பூஸ்டர்ன்னா என்ன அர்த்தம்னு எனக்கு புரியல.

காசு செலவில்லாம வாசல்லயே ஒரு டெஸ்ட் பண்ணலாமுங்க. சமதளத்துல நிறுத்தி முன்னாடியும் பின்னாடியும் டயருக்கு கல்லு வைங்க. ஹேண்ட் பிரேக் இறக்கி இருக்கும்போது ஒரு தடவை மிதிச்சு பெடல் எவ்வளவு உள்ள போகுதுன்னு மனசுல வச்சுக்கங்க. கொஞ்ச நேரம் விட்டு ஹேண்ட் பிரேக்க முடிஞ்ச மட்டும் இழுத்து வச்சுட்டு மறுபடி மிதிங்க. இப்ப பெடல் மேலயே நின்னா விஷயம் பின் சக்கரத்தோட சுத்துற ட்ரம்முல இருக்கு, ஏன்னா ஹேண்ட் பிரேக் உள்ள இருக்குற ஷூவ, அதாவது லைனிங் ஒட்டுன பிறை மாதிரி தகட, ட்ரம்கிட்ட தள்ளி வச்சிருச்சு, அந்த இடைவெளிய ரொப்பத்தான் உங்க முதல் மிதி வீணாகுது, ரெண்டாவது மிதிக்கு நிக்குறதும் அதனாலதான். ஹேண்ட் பிரேக் இழுத்தும் வித்தியாசமே இல்லன்னா பிரேக் பைப்புக்குள்ள காத்து புகுந்திருக்கலாம், இல்ல கேபிளே வேலை செய்யலன்னு அர்த்தம்.

மாஸ்டர் பத்தி சந்தேகம்னா இன்ஜின ஓடவிட்டு பெடல ஒரே அழுத்தமா ஒரு நிமிஷம் மிதிச்சு புடிங்க. காலுக்கு கீழ மெல்ல மெல்ல இறங்கிக்கிட்டே போச்சுன்னா, வெளிய எங்கயும் ஒழுக்கு இல்லன்னா, அப்ப மாஸ்டர் உள்ள ஆயில அடைச்சு வைக்கிற ரப்பர் கப்பு விடுது. பூஸ்டர் இருக்குற மாடல்னா இன்ஜின ஆஃப் பண்ணிட்டு நாலஞ்சு தடவை மிதிச்சு, மிதிச்சபடியே ஸ்டார்ட் பண்ணுங்க, பெடல் லேசா கீழ போகும், போகணும், அதுதான் பூஸ்டர் நல்லா இருக்குன்னு அர்த்தம். இத பாத்துட்டு "ஐயோ பெடல் இறங்குது"ன்னு பூஸ்டர மாத்துன ஆளுங்கள எனக்கு தெரியுமுங்க.

ஆம்னிபிரியன்:

ப்ரோ எனக்கு இதே மாதிரி ஆச்சு, பின் டயர் உள்ள கருப்பா ஆயில் வழிஞ்சு கிடந்துச்சு, ஆக்சில் ஆயில் சீல் போயிருந்துச்சு, சீல் மாத்துனதும் சரியா போச்சு. கியர் ஆயில் ஷூவுல எறங்கிடும் அதான். சின்ன செலவு, அத முதல்ல பாருங்க.

கிரீஸ்கை:

ஆம்னி பின் சக்கரத்துல ஓடுற வண்டிங்க தம்பி, பின்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் ஓட்டத்த பிரிச்சு குடுக்குற டிஃபரென்ஷியல் இருக்கு, அதுல ஆயில் இருக்கு, சீல் போனா ட்ரம்முக்குள்ள வரும், உங்க வண்டிக்கு சரி. 800 முன் சக்கரத்துல ஓடுறது, பின்னாடி இருக்குறது வெறும் இரும்பு ஆக்சில், அதுக்குள்ள கியர் ஆயிலே கிடையாது. அங்க ஈரம்னா ஒண்ணு சக்கரத்துக்குள்ள ஷூவ தள்ளுற வீல் சிலிண்டர்ல இருந்து வர்ற பிரேக் ஆயில், இல்ல பேரிங் கிரீஸ் உருகி வந்தது. கிரீஸ் பிசுபிசுன்னு கட்டியா இருக்கும், பிரேக் ஆயில் தண்ணி மாதிரி நீர்த்து இருக்கும், பெயிண்ட்ல பட்டா தோல் உரிஞ்சு வந்துரும்.

அம்மாபேட்டைக்காரன்:

டெஸ்ட் பண்ணேன் அண்ணா. ஹேண்ட் பிரேக் இழுத்துட்டு மிதிச்சா பெடல் பாதிக்கு மேலயே நிக்குது, ஃபுல்லா இல்ல, ஆனா தரைக்கு போகல. ஒரு நிமிஷம் புடிச்சேன், இறங்கல. பூஸ்டர் நீங்க சொன்ன மாதிரியே லேசா இறங்கி நின்னுச்சு.

ஞாயித்துக்கிழமை மச்சான கூட்டிக்கிட்டு ட்ரம்ம கழட்டிட்டேன், சொல்றேன், அது ஒரு தனி கதை. நடு நட்ட கழட்ட ஸ்பேனருக்கு பின்னாடி நாலடி பைப்ப மாட்டி ரெண்டு பேரும் தொங்குனோம். நட் வந்துருச்சு, ட்ரம் வரமாட்டேங்குது. ஹேண்ட் பிரேக் கேபிள லீவர் பக்கம் லூஸ் பண்ணனும்னு அப்புறம்தான் தெரிஞ்சது, அதுக்கப்புறமும் பக்கத்து தெரு பட்டறையில இழுக்குற சுத்தியல் கருவி இரவல் வாங்கித்தான் எடுத்தோம்.

இடது பக்கம்: வீல் சிலிண்டர் ரப்பர் மூடிய விரலால தூக்குனதும் பொலபொலன்னு ஆயில் கொட்டுது. ரெண்டு ஷூவும் ஊறிப்போய் கருப்பா இருக்கு. ஷூவுக்கும் ட்ரம்முக்கும் இடைவெளிய சரி பண்ற அட்ஜஸ்டர் துருப்பிடிச்சு ஒரு பல்லு கூட நகரல. வலது பக்கம் ஆயில் இல்ல, ஆனா கேபிள் உள்ள துரு ஏறி இழுத்தா வருது விட்டா திரும்பி போகமாட்டேங்குது, ஷூ ட்ரம்ம ஒரசிக்கிட்டே இருந்து காகிதம் மாதிரி தேஞ்சு போச்சு. சூடு எதனாலன்னு இப்ப புரியுது. ஒரு வண்டி, ஒரே ஆக்சில், ஒரு பக்கம் புடிக்கவே இல்ல, இன்னொரு பக்கம் விடவே இல்ல.

மெக்கானிக்குக்கு போட்டோ அனுப்புனேன். இடது ஷூ லைனிங் கனமாத்தான் இருக்கு, பெட்ரோல்ல கழுவி வெயில்ல காய வச்சு உப்புத்தாள் போட்டா போதும், சிலிண்டருக்கு கப்பு மட்டும் மாத்திக்கலாம், வலது பக்கத்துக்கு மட்டும் புது ஷூ வாங்குங்கன்னார். செலவு கம்மிதான். செய்யலாமா?

டிப்போ தாத்தா:

தம்பி, நான் வேலைய விட்டு பதினொரு வருஷம் ஆச்சு, ஆனா இந்த பேச்சு மட்டும் மாறவே இல்ல. லைனிங் பாக்க கல்லு மாதிரி தெரியும், உள்ள நுண்ணிய ஓட்டை இருக்கும், ஆயில் உள்ள வரைக்கும் குடிச்சிருக்கும். பெட்ரோல்ல கழுவுனா மேல காயும். நாலு தடவை அழுத்தி பிரேக் போட்டு சூடானதும் உள்ள இருக்குறது திரும்ப மேல வரும். அப்ப அந்த சக்கரம் என்ன செய்யும்னே சொல்ல முடியாது, ஒரு நேரம் வழுக்கும், ஒரு நேரம் வெடுக்குனு புடிச்சு பூட்டிக்கும். மழை ரோட்டுல ஒரு பின் சக்கரம் மட்டும் பூட்டுனா வண்டி வால சுழட்டும். அடுப்புல காட்டி எரிப்பாங்க சில பேரு, அது அதவிட மோசம், லைனிங்க ஒட்டியிருக்குற பசையே வெந்து போயிடும்.

ஷூ எப்பவும் ரெண்டு பக்கமும் சேத்துதான் மாத்தணும். ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் பழசுன்னா இழுப்பு வரும்.

சிலிண்டர் கப்பு விஷயம், உள்சுவர நகத்தால தடவி பாரு. கண்ணாடி மாதிரி இருந்தா கப்பு போதும். எட்டு மாசம் மழையில நின்ன வண்டியில அப்படி இருக்காது, குழி விழுந்திருக்கும், அதுல புது கப்பு போட்டா ரெண்டு மாசத்துல கிழியும். முழு சிலிண்டரே வாங்கு, பெரிய விலை இல்ல. அப்புறம் அந்த ரப்பர் சாமான் எதையும் பெட்ரோல், மண்ணெண்ணெய், இன்ஜின் ஆயில்ல கழுவிடாத, ஊதி பெருத்துடும். பிரேக் ஆயில்லயே கழுவு.

ட்ரம்மையும் பாரு. விளிம்புல வரம்பு மாதிரி எழும்பியிருந்தா லேத்துல கடையலாம், ஆனா ட்ரம்முலயே எது வரைக்கும் கடையலாம்னு அளவு அச்சுல போட்டிருப்பான், அத தாண்டுனா புது ட்ரம்தான். தூச கம்ப்ரசர்ல ஊதாத, பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நாங்கெல்லாம் ஊதித்தான் வேலை செஞ்சோம், இப்ப இருமுறது எனக்குத்தான் தெரியும். ஈரத்துணியால துடை.

ரைடர்07:

தாத்தா சொல்றது சரிதான், ஆனா நான் உப்புத்தாள் போட்டு ரெண்டு வருஷமா ஓட்டிக்கிட்டுதான் இருக்கேன், ஒண்ணும் ஆகல.

டிப்போ தாத்தா:

நல்லது தம்பி. முன்னாடி போற வண்டிக்கு கொஞ்சம் இடம் விட்டு ஓட்டு.

கிரீஸ்கை:

😂 அம்மாபேட்டை தம்பி, சிலிண்டர கழட்டும்போது ஒண்ணு கவனிங்க. பின்னாடி வர்ற ஸ்டீல் பைப் நட்டு துருப்பிடிச்சிருக்கும், சாதா ஸ்பேனர் போட்டு திருகுனா நட்டோட பைப்பும் சேந்து முறுக்கிக்கும், அப்புறம் பைப்பும் செலவு. முந்தின நாள் ராத்திரியே துரு இளக்குற ஸ்ப்ரே அடிச்சு வைங்க, பைப் நட்டுக்குன்னே வாய் வச்ச ஸ்பேனர் இருக்கு, அத வாங்குங்க.

ஏர் எடுக்குறது, அதாவது பைப்புல இருக்குற காத்த வெளியேத்துறது, மாஸ்டர்ல இருந்து தூரத்து சக்கரத்துல ஆரம்பிக்கணும். நம்ம வண்டிக்கு ஸ்டியரிங் வலது பக்கம்ங்குறதால மாஸ்டரும் அங்கதான், அப்ப இடது பின் சக்கரம் முதல்ல. ஒருத்தர் மிதிச்சு புடிக்கணும், நீங்க வீல் சிலிண்டர் பின்னாடி இருக்குற காத்து போற நிப்பிள திறக்கணும், பெடல் கீழ போனதும் நிப்பிள மூடிட்டு "விடு"ன்னு சொல்லணும், மூடாம விட்டா வெளிக்காத்து உள்ள போயிரும். டப்பா காலியாகாம பாத்துக்கங்க, காலியானா மறுபடி முதல்ல இருந்து. மாஸ்டர் பழசா இருந்தா பெடல தரை வரைக்கும் மிதிக்காதீங்கன்னு சொல்லியிருப்பேன், வழக்கமா போகாத இடத்துல துரு இருக்கும், கப்பு அதுல கிழியும். உங்களுதுதான் 3200 ரூவா புதுசாச்சே.

அம்மாபேட்டைக்காரன்:

அப்டேட். ரெண்டு வீல் சிலிண்டர், நாலு ஷூ, ரெண்டு பக்க கேபிள், ஸ்ப்ரிங் செட், எல்லாமே புதுசு. அட்ஜஸ்டர் ரெண்டையும் கழட்டி துரு சுரண்டினேன், வலது நல்லா வந்துருச்சு, இடது தேறல, மாத்திட்டேன். நடு நட்டும் புதுசு போட்டேன். ட்ரம் ரெண்டும் லேத்துல லேசா கடைஞ்சது, அளவுக்குள்ளதான் இருக்கு.

ஏர் எடுக்க வீட்டுக்காரிய பெடல்ல உக்கார வச்சேன். நான் கீழ படுத்துக்கிட்டு "புடி, விடு, புடி, விடு"ன்னு கத்துறத பாத்து பக்கத்து வீட்டு ஆயா என்னமோ ஏதோன்னு வந்து எட்டி பாத்துச்சு. இடது பின்னாடி முதல்ல காபி கலர்ல ஒரு தண்ணி வந்துச்சு பாருங்க, அதான் இத்தன வருஷமா பிரேக் ஆயில்ங்குற பேருல உள்ள இருந்திருக்கு.

இப்ப பெடல் முதல் மிதிக்கே நிக்குது, ஹேண்ட் பிரேக் ஆறு கிளிக்குல புடிக்குது, தெரு சரிவுல வண்டி அசையல. ஒரே ஒரு சந்தேகம், மெதுவா போகும்போது வலது பின்னாடி லேசா சர் சர்னு ஒரசுற சத்தம்.

கிரீஸ்கை:

புது ஷூ ட்ரம்மோட பழகுற வரைக்கும் கொஞ்சம் ஒரசும். ஆனா உங்க வண்டிக்கு வலது பக்கம் ஏற்கனவே கெட்ட பேரு இருக்குங்க, சும்மா விடாதீங்க. ஒரு பத்து கிலோமீட்டர் பிரேக் அதிகம் போடாம ஓட்டிட்டு வந்து ரெண்டு பக்க ட்ரம்முலயும் தண்ணி தெளிச்சு பாருங்க. ரெண்டும் ஒரே மாதிரி வெதுவெதுன்னா விடுங்க, ஒரு பக்கம் மட்டும் சுர்ருனு ஆவி பறந்தா கேபிள ரெண்டு சுத்து லூஸ் பண்ணுங்க.

அம்மாபேட்டைக்காரன்:

பைபாஸ்ல போயிட்டு வந்து தெளிச்சேன் அண்ணா, ரெண்டும் ஒரே மாதிரிதான், சத்தமும் குறைஞ்சிருக்கு. விசேஷத்துக்கு நீங்க சொன்னபடி பஸ்லயே போயிட்டு வந்துட்டோம், வண்டி இன்னும் கொஞ்ச நாள் ஊருக்குள்ளயே ஓடட்டும். பழைய மாஸ்டர் சிலிண்டர மெக்கானிக் கிட்ட கேட்டு வாங்கிட்டு வந்து பிரிச்சு பாத்தேன், தாத்தா சொன்ன மாதிரி உள்ள நகத்தால தடவுனேன். கண்ணாடி மாதிரி இருக்கு.

டிப்போ தாத்தா:

துணியில சுத்தி டிக்கியில போட்டு வை தம்பி.