காலநிலை மாற்றத்தை நம்பாதவர்களோடு பேசியிருக்கிறீர்களா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வெண்ணாறு எழுதுகிறார்:

எங்கள் பெரியப்பாவிடம் காலநிலை மாற்றம் என்று வாயெடுத்தாலே முகம் சிவந்துவிடும். விவரம் தெரியாதவர் என்று எண்ணிவிட வேண்டாம். அந்தக் காலத்துப் பி.யூ.சி., நாள் தவறாமல் பத்திரிகை படிப்பவர். 1952 புயலைத் தம் அப்பா சொல்லக் கேட்டவர், 1977 புயலில் வீட்டுக் கூரை போனதைக் கண்ணால் கண்டவர், 2018இல் கஜாவுக்குத் தென்னந்தோப்பைப் பறிகொடுத்தவர். "நாகப்பட்டினத்துக்குப் புயல் என்ன புதிதா? 52இல் எந்தக் கார்பன் வந்து அதைக் கூட்டிக்கொண்டு வந்தது?" என்று கேட்பார். எடுத்த எடுப்பில் இதற்குப் பதில் சொல்வது எளிதில்லை.

சென்ற குறுவையின்போது ஒரு நிறுவனத்தின் ஆட்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். கையில் முழ நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய். கீழ்ப்பாதி முழுக்கத் துளை. அதை வயலில் புதைத்துவிட்டால் மண்ணுக்குள் தண்ணீர் எதுவரை இறங்கியிருக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். மட்டம் 15 சென்டிமீட்டர் கீழே போன பிறகுதான் மறு தண்ணீர். தண்ணீர் தேங்கியே கிடந்தால் வயலில் மீத்தேன் உண்டாகும். விட்டு விட்டுப் பாய்ச்சினால் அது குறையும். குறைந்த மீத்தேனைக் கணக்கிட்டு வெளிநாட்டு நிறுவனங்களுக்கு விற்பார்கள், அதில் ஒரு பங்கு விவசாயிக்கு வரும். வந்த பையன் பொறுமையாகத்தான் விளக்கினார். பெரியப்பா குழாயை வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியே வாசல் வேப்பமரத்தைப் பார்த்தார்.

"தம்பி, இதற்கு இங்கே காய்ச்சலும் பாய்ச்சலும் என்று பெயர். என் அப்பா மண் வெடிப்பைப் பார்த்தே மடை திறப்பார். அது கிடக்கட்டும். என் வயல் விடாத வாயுவைக் காசு கொடுத்து வாங்குகிறவன் அதை வைத்து என்ன செய்வான்?"

"அவர்கள் ஆலைப் புகைக்கு ஈடாகக் கணக்கு காட்டுவார்கள் ஐயா."

"ஆக, அவன் புகையை நிறுத்தப் போவதில்லை. நான்தான் நிறுத்த வேண்டும்."

பையன் சிரித்துவிட்டார். ஒப்பந்தம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. விவசாயிக்கு எவ்வளவு, எப்போது என்ற இடத்தில் பின்னர் அறிவிக்கப்படும் என்று போட்டிருந்தது. பெரியப்பா கையெழுத்துப் போடவில்லை. ஆனால் அடுத்த வாரமே கடைத்தெருவில் ஒரு துண்டுக் குழாய் வாங்கி, தாமே துளை போட்டு, போர் செட் பக்கத்து வயலில் நட்டார். மோட்டார் ஓடுகிற நேரம் குறைகிறதா என்று பார்க்கத்தானாம்.

அன்று இரவு அவரிடம் ஒரு பழைய கதையைச் சொன்னேன். 1990 வாக்கில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீட்டில், இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்குச் சுமார் 3.8 கோடி டன் மீத்தேன் விடுவதாக வந்தது. உலகைச் சூடாக்குவதில் கார் ஓட்டுகிறவனும் நெல் நடுகிறவனும் கூட்டாளிகள் என்று ஆகிவிட்டது. தில்லியில் இருந்த இயற்பியல் விஞ்ஞானி ஏ. பி. மித்ரா சும்மா இருக்கவில்லை. நாட்டின் பல இடங்களில் வயலில் இறங்கி, பயிரின் மேல் பெட்டியைக் கவிழ்த்து வாயுவைப் பிடித்து அளக்க ஏற்பாடு செய்தார். வந்த விடை ஏறத்தாழ 40 இலட்சம் டன். சொன்னதில் பத்தில் ஒரு பங்கு! 1991இல் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும், பிழைப்புக்கு விடுகிற வாயுவையும் சொகுசுக்கு விடுகிற வாயுவையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள் என்று எழுதினார்கள்.

பெரியப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பார்த்தாயா, நான் சொன்னேனே!" என்றார். நான் விடவில்லை. மித்ரா காலநிலை மாற்றம் பொய் என்று சொல்லிவிட்டு வீட்டில் உட்காரவில்லை, கணக்கு தப்பு என்றுதான் அளந்து காட்டினார் என்றேன். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏழு சதவீதம் அளவுக்குக் கூடுதல் ஈரத்தைத் தாங்கும், அதனால் புயல் எண்ணிக்கை கூடுகிறதோ இல்லையோ வருகிற புயல் கொட்டுகிற மழை கூடும் என்றும் சொன்னேன். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததை எடுத்துக் காட்டினேன். நெடுநேரம் கழித்து, "மழை கூடுகிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதற்காக வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டவனை ஏன் விட வேண்டும்?" என்றார். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறக்க வேண்டும் என்பது எங்களுக்கு வேதவாக்கு. எட்டு வருடம் அந்தத் தேதி பொய்த்து, 2020இல்தான் மறுபடி ஒழுங்காகத் திறந்தார்கள். அந்த எட்டு வருடத்துக்கும் காலநிலைதான் காரணம் என்று யாராவது சொன்னால் எனக்கும் கோபம் வரும்.

நங்கநல்லூர் வாசகன் எழுதுகிறார்:

எனக்கு வாய்த்தவர் மைத்துனர். பட்டயக் கணக்காளர், அதனால் எதையும் ஆதாரத்தோடுதான் பேசுவார். அவருடைய பிரம்மாஸ்திரம் 2035. ஐ.நா.வின் காலநிலைக் குழு 2007 அறிக்கையில், இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துவிடக்கூடும் என்று எழுதியிருந்தது. 2009இல் ஜெய்ராம் ரமேஷ் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தபோது, புவியியலாளர் வி. கே. ரெய்னா தயாரித்த ஆய்வறிக்கை அதற்கு மாறாக வந்தது. குழுவின் தலைவர் பச்சௌரி அதை மாந்திரீக அறிவியல் என்று எள்ளி நகையாடினார். இரண்டு மாதம் கழித்து, 2010 ஜனவரியில், அந்த 2035 ஆதாரமற்றது என்று குழுவே ஒப்புக்கொண்டது. சக விஞ்ஞானிகள் சரிபார்த்த ஆய்விலிருந்து வந்த எண்ணே அல்ல அது. ஒரு தன்னார்வ அமைப்பின் வெளியீட்டிலிருந்து எடுத்துப் போட்டிருந்தார்கள். இதை மைத்துனர் குடும்ப விழாக்களில் மூச்சு விடாமல் சொல்வார். சொல்வதில் ஒரு தவறும் கிடையாது என்பதுதான் எனக்குச் சங்கடம்.

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒருமுறை கேட்டேன். "மாமா, ஒரு கம்பெனிக் கணக்கில் ஒரு வவுச்சர் பொய் என்று கண்டுபிடித்தால் என்ன செய்வீர்கள்?"

"மற்ற வவுச்சர்களையும் புரட்டுவேன்."

"புரட்டியாயிற்று. அந்த 2035ஐ யாரும் இப்போது சொல்வதில்லை. பனியாறு உருகுகிறது என்பதை ரெய்னாவும் மறுக்கவில்லை, பின்வாங்குகிற வேகமும் காரணமும்தான் வழக்கு. ஹவாயில் மௌனா லோவா மலை மேல் 1958இலிருந்து கார்பன் டை ஆக்சைடை அளக்கிறார்கள். அப்போது பத்து இலட்சத்தில் 315 பங்கு, இப்போது 420க்கு மேல். அந்தப் பேரேட்டில் பிழை கண்டீர்களா?"

இலையில் பாயசம் விழுந்ததால் பேச்சு நின்றது. அவர் மாறிவிட்டார் என்று கதை கட்ட மாட்டேன். அடுத்த மாதமே புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார். 2014 ஆசிரியர் தினத்தில் ஒரு மாணவரின் கேள்விக்குப் பிரதமர் மோடி, காலநிலை மாறவில்லை, மாறியது நாம்தான், வயதானால் குளிர் தாங்காது என்ற பொருளில் பதில் சொன்னார் அல்லவா, அந்தக் காணொளி. அடுத்த ஆண்டே பாரிசில் பிரான்சுடன் சேர்ந்து சர்வதேச சூரிய சக்திக் கூட்டணியைத் தொடங்கியவரும் அதே பிரதமர்தான் என்று பதிலுக்கு அனுப்பினேன். கட்சிக்காரர்களின் மேற்கோளை வைத்து வெப்பமானியைப் படிக்க முடியாது.

ஒரே ஒரு இடத்தில் நாங்கள் இருவரும் ஒரே பக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். எல்லாம் நூறாண்டில் காணாத மழை என்று ஒரு சாரார் முடித்துவிட்டார்கள். 2018இல் வந்த தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை செம்பரம்பாக்கம் நீர்த்திறப்பை ஆராய்ந்து, அது மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றது. மைத்துனர் அந்த அறிக்கையை அச்செடுத்து வைத்திருக்கிறார்.

சிவகாசிக்காரன் எழுதுகிறார்:

எல்லோரும் சந்தேகப்படுகிறவர்களைப் பற்றி எழுதுகிறீர்கள். சந்தேகப்படுகிறவனே எழுதுகிறேன், கேளுங்கள்.

பூமி சூடாகிறதா என்று என்னிடம் கேட்டால், ஆமாம் என்பேன். பட்டாசு மருந்து கலக்கும் அறையில் வேலை செய்தவனுக்கு வெயிலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. என் சந்தேகம் வேறு. சுற்றுச்சூழல் என்ற பெயரில் எங்கோ எடுக்கிற முடிவுக்கு எப்போதும் எங்கள் ஊர்தான் ஏன் விலை கொடுக்கிறது? தில்லியில் மூச்சு முட்டினால் வைக்கோல் எரிப்பு, வாகனம், அனல்மின் நிலையம், கட்டடத் தூசி என்று ஆயிரம் காரணம் உண்டு. ஆனால் 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் நைட்ரேட்டுக்கும் தடை போட்டது. பட்டாசுக்குப் பச்சை நிறம் கொடுப்பதே பேரியம்தான். சரவெடி கோத்துக் கூலி வாங்கிய பெண்கள் என்ன செய்வார்கள் என்று தீர்ப்பின் மறுநாள் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. தில்லியில் கார் விற்பனை நின்றதா?

விருதுநகரில் ஒரு கூட்டம் போட்டார்கள். சென்னையிலிருந்து வந்த ஆர்வலர் நன்றாகவே பேசினார், மாற்றுத் தொழிலுக்குப் போங்கள் என்றார். என் அத்தை, சரம் பின்னியே விரல் மரத்துப்போனவர், எழுந்து, "என்ன தொழில் சாமி?" என்றார். சூரிய மின் தகடு செய்யலாம் என்றார் அவர். "அந்தக் கம்பெனி எங்கள் ஊருக்கு எந்த வருடம் வரும்?" அவர் மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவரிடமிருந்து மைக் இன்னொருவருக்குப் போனது. கடைசி வரை வருடம் வரவில்லை. டீயும் பஜ்ஜியும் வந்தன.

இதற்காக நான் புகையை ஆதரிக்கிறவன் என்று யாரும் பதில் போட வேண்டாம். வெடி விபத்தில் உறவினரை இழந்த குடும்பம் எங்களுடையது.

நங்கநல்லூர் வாசகன்:

சிவகாசி அண்ணாச்சிக்கு ஒரு வார்த்தை. பட்டாசு வழக்கு காற்று மாசு வழக்கு. காலநிலை வழக்கு அல்ல. இரண்டையும் சேர்த்துக் கட்டினால் உங்கள் நியாயம்தான் பலவீனப்படும். மற்றபடி அத்தையின் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. இந்தியர் ஒருவர் தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு, அமெரிக்கர் ஒருவர் தலைக்குச் சுமார் 14 டன். அந்த 2 டன்னிலும் சரம் கோக்கிறவர் பங்கு எவ்வளவு, என் ஏசி பங்கு எவ்வளவு என்று பிரித்தால் நான் தலையைக் குனிய வேண்டியிருக்கும்.

கடற்கரைப் பெண் எழுதுகிறார்:

குமரி மாவட்டத்துக் கடலோரத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் காலநிலை மாற்றத்தை மறுக்கிறவர் யாரும் இல்லை. 2017 நவம்பர் 30க்குப் பிறகு எப்படி இருப்பார்கள்? ஒக்கி புயல் வந்தபோது எங்கள் ஆண்கள் நாள்கணக்கில் தங்கித் தொழில் செய்யும் ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை கரையில் இருந்தவர்களுக்குத்தான் வந்தது.

ஆனால் சுற்றுச்சூழல் என்று பேசினால் எங்களைப் பற்றிச் சொன்னதெல்லாம் நினைவுக்கு வருகிறது. கூடங்குளம் அணு உலை எதிர்ப்புப் போராட்டத்துக்குப் பின்னால் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாக 2012இல் பிரதமர் மன்மோகன் சிங் பேட்டி கொடுத்தார். 2014இல் ஆட்சி மாறியது. உளவுத்துறை அறிக்கையில் அதே குற்றச்சாட்டு வந்தது. கட்சி வேறு, பேச்சு ஒன்று. என் சித்தி அப்போது பந்தலில் உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டுப் பணம் எங்கே என்று இன்று வரை வீட்டில் கேலி செய்துகொள்வோம்.

சில மாதங்களுக்கு முன் பேரிடர் விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு ஓர் அதிகாரி வந்தார். கடல் சூடாகிறது, புயல் வலுக்கிறது என்று படம் போட்டுக் காட்டினார். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு, அணுமின்சாரத்தில் கார்பன் கிடையாது, அதனால் காலநிலையைக் காப்பாற்ற நினைக்கிறவர்கள் அணு உலையை எதிர்க்கக் கூடாது என்றார். கூடத்தில் இரைச்சல் கிளம்பியது. சித்தி எழுந்து நின்று கேட்டார்: "சார், கார்பன் இல்லை என்பது சரி. புயலைக் காட்டி எங்களைப் பயமுறுத்தினீர்கள், அது நியாயம். இப்போது அதே பயத்தைக் காட்டி உலைக்குச் சம்மதம் கேட்கிறீர்களே?"

உலை ஓடும்போது கார்பன் வெளியேறாது என்ற அளவில் அதிகாரி சொன்ன அறிவியல் சரியானதுதான், நான் அதைச் சித்தியிடம் பிறகு விளக்கினேன். அவருக்கும் புரிந்தது. அவர் கோபம் குறையவில்லை. கூட்டத்தில் இளைஞர்கள் கேட்டது வேறொன்று. படகில் இருக்கும் வயர்லெஸ் கரையிலிருந்து ஒரு தூரத்துக்கு மேல் எட்டாது. அதற்கு அப்பால் இருக்கிற படகுக்குப் புயல் செய்தியை யார், எதன் வழியாக, எத்தனை மணி நேரம் முன்னால் சொல்வார்கள் என்று எழுதித் தரச் சொன்னார்கள். அதிகாரி குறித்துக்கொண்டார். பதில் கடிதம் இன்னும் வரவில்லை, வந்தால் இங்கே போடுகிறேன்.